செவலை ஏன் உறுமுகிறது? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். ஏரல் பக்கம், தாமிரபரணியை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. வாழை, கொஞ்சம் நெல், வீட்டுக்கு நாலைந்து ஆடு. 2023 டிசம்பர் 17 ராத்திரி மேலே குளம் உடைந்து, விடிவதற்குள் தெருவில் மார்பளவு தண்ணீர். எல்லோரும் மாடி வீடுகளில் ஏறிக்கொண்டோம். அப்புறம் படகு வந்தது. அம்மா எங்கள் நாய் செவலையையும் தூக்கிக்கொண்டு ஏறப் போனாள். "நாய்க்கு இடமில்லை ஆத்தா, பிள்ளைகள் ஏறட்டும்" என்றார்கள். கழுத்துக் கயிற்றை அவிழ்த்து, கையிலிருந்த பிஸ்கட்டைப் போட்டுவிட்டு வந்துவிட்டோம்.

ஐந்தாறு நாள் கழித்துத் திரும்பியபோது அதே மாடியில்தான் கிடந்தது, எலும்பும் தோலுமாக. ஆனால் பழைய செவலை இல்லை. சாப்பிடும்போது அம்மாவைத் தவிர யார் பக்கத்தில் போனாலும் உறுமுகிறது. வீட்டுக்குள் வருவதில்லை. ராத்திரி முழுக்க வாழைத் தோப்பைப் பார்த்துக் குரைக்கிறது. ஊரிலும் நாய்கள் கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன. பாதி எங்கிருந்து வந்தவை என்றே தெரியவில்லை. போன வாரம் பக்கத்துத் தெருவில் இரண்டு ஆட்டுக்குட்டிகளைக் கடித்துப் போட்டுவிட்டன. செத்த ஆட்டைத் தின்று ருசி கண்ட நாய் இனி உயிருள்ளதையும் விடாது என்கிறார்கள். கறியில் மருந்து வைத்துவிடலாம் என்று பேச்சு அடிபடுகிறது. அம்மாவோ, பட்டினி கிடந்து வீட்டைக் காத்த நன்றியுள்ள ஜீவன், அதைத் தொட்டால் குடும்பம் விளங்காது என்கிறாள். நான் யார் பக்கம் பேசுவது? செவலையை வைத்துக்கொள்ளலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பிக்கு,

வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். வாயில் எச்சில் ஒழுகுகிறதா, தாடை தொங்குகிறதா, நடை தள்ளாடுகிறதா, கல்லையும் கட்டையையும் காரணமில்லாமல் கவ்வுகிறதா, தண்ணீரை விழுங்க முடியாமல் திணறுகிறதா? இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் யாரும் கிட்டே போகவேண்டாம், கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்புங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. சாப்பிடுகிறது, அம்மாவை அடையாளம் தெரிகிறது, தட்டுக்குப் பக்கத்தில் மட்டும் உறுமுகிறது. அது பசித்துக் கிடந்த நாயின் உறுமல். அடுத்த வேளைச் சோறு நிச்சயமில்லை என்று அதற்குப் பழகிவிட்டது. தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், அம்மா கையாலேயே வையுங்கள். சாப்பிட்டு முடிக்கும்வரை பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். எத்தனை நாளில் சரியாகும் என்று என்னைக் கேட்காதீர்கள், அது நாய்க்கு நாய் வேறுபடும்.

இனி ஊர் நாய்கள் விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் ஊரில் 'ருசி கண்டுவிட்டது' என்று முடித்துவிட்டார்கள்.

நம் ஆற்றுப்பக்கத்து ஊர்களில் நாய் எப்படிச் சாப்பிடுகிறது என்று யாராவது கவனித்திருக்கிறோமா? யாரும் நாய்க்கென்று உலை வைப்பதில்லை. காலையில் ஒரு வீட்டில் பழைய சோற்றின் மிச்சம், பத்து மணிக்கு மீன்காரர் வந்து போன பிறகு வாசலில் விழும் தலையும் செதிலும், சாயங்காலம் டீக்கடையில் ஒரு பன், ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைப் பக்கம் ஒரு நடை. எந்த வாசலில் எந்த நேரம் போய் நிற்பது என்று ஒவ்வொரு நாய்க்கும் ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கில் இன்னொரு நாய் குறுக்கே வராது. தெருவுக்கு நாலு நாய் இருந்தும் பெரிய சண்டை இல்லாமல் காலம் ஓடியது இதனால்தான்.

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 என்று கொட்டிய மழையில் நம் வீட்டு அரிசி மூட்டையும் அடுப்பும் போனது நமக்குத் தெரியும். நாயின் கணக்கு மொத்தமும் அதோடு போயிற்று. வீட்டில் உலை இல்லை, டீக்கடை சேறு, மீன்காரர் வரப் பாதை இல்லை. சோறு இருந்தது ஒரே இடத்தில்தான், முகாமில். எங்கள் ஊர் கொஞ்சம் மேடு, பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டிருந்தார்கள். பொட்டலம் வரும் வண்டிச் சத்தம் கேட்டால் சுற்றுச்சுவரை ஒட்டி நாய்கள் வந்து நிற்கும். கீழே நாலைந்து ஊர்களிலிருந்து தண்ணீருக்குத் தப்பி ஏறியவை. ஒன்றுக்கொன்று முகம் தெரியாது. சாம்பார் சாதம் ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் தாளுக்காக இரண்டு நாய்கள் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். ஒன்றின் காது கிழிந்து தொங்கியது. தாளைப் பிடுங்கிக்கொண்ட நாய் அதைத் தாளோடு சேர்த்து விழுங்கிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. நாய் தன் எல்லையை மூத்திரம் விட்டுத்தான் வைத்திருக்கிறது. மின்கம்பம், வேலிக்கல், கோயில் சுவர் என்று எல்லா இடத்திலும் இருந்த அந்த மணத்தை வெள்ளம் கழுவிவிட்டு, மேலே வேறெங்கோ இருந்து கொண்டுவந்த வண்டலைப் பூசிவிட்டுப் போயிற்று. நமக்கு வீட்டுச் சுவராவது மிஞ்சியது. திரும்பி வந்த நாய்க்குத் தன் தெரு எது என்று சொல்ல ஒன்றுமில்லை. மறுபடி எல்லை பிரிக்கும்வரை குரைப்பும் கடியும் இருக்கத்தான் செய்யும். செவலை ராத்திரியில் தோப்பைப் பார்த்துக் குரைப்பதும் பெரும்பாலும் இதுதான். அங்கே வேற்று நாய்கள் அடைந்திருக்கும். பாம்பும் இருக்கலாம், பார்த்துப் போங்கள். தண்ணீர் வடிந்த பிறகு விரியனெல்லாம் வைக்கோல் படப்பிலும் விறகிலும் வந்து ஒண்டிக்கொள்ளும்.

அம்மா சொல்லும் நன்றிக்கு வருகிறேன். அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டவேண்டாம். செவலை மாடியை விட்டுப் போகாமல் கிடந்தது வீட்டைக் காக்க என்று எனக்குத் தோன்றவில்லை. சுற்றிலும் தண்ணீர், தெரிந்த இடம் அது ஒன்றுதான், கடைசியாகச் சோறு கிடைத்ததும் அங்கேதான். நாய் அப்படித்தான் இருக்கும். இந்த வெள்ளத்தோடு வாட்ஸப்பில் வந்த 'குழந்தையைக் காத்த நாய்' வீடியோக்களையும் நான் அவ்வளவாக நம்புவதில்லை. நன்றி என்று தலையில் தூக்கி வைத்தால், அடுத்த வாரமே ஆட்டுக்குட்டியைக் கடிக்கும்போது துரோகி என்று அடிக்கத் தோன்றும். இரண்டும் நாம் ஏற்றிவைப்பது. ஆனாலும் அம்மா சோறு போடுகிறாள், நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆகவே நடைமுறையில் அம்மா பக்கம்தான் சரி.

ஆடு இழந்தவரின் கோபத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த வெள்ளத்தில் போன உயிர்களுக்கு அரசு அப்போது ஒரு விலை வைத்தது: மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. நாய்க்கு அந்தப் பட்டியலில் வரி இல்லை, அதை யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் வெள்ளத்துக்குத் தப்பிய குட்டியை மூன்று வாரம் கழித்து நாய் கடித்துப் போட்டால், அதற்கு அவர் எந்த ஆபீசில் போய் நிற்பார்? அந்த எரிச்சல்தான் மருந்து வைப்பதுவரை போகிறது.

ருசி கண்ட கதையை நான் ஏற்கமாட்டேன். ஊரில் கறிக்கடைக் கழிவைத் தின்று வளராத நாய் எது? அதெல்லாம் ஆட்டை விரட்டிக்கொண்டா திரிந்தது? இப்போது நடப்பது வேறு. பட்டி வேலியை வெள்ளம் கொண்டுபோய்விட்டது, குட்டிகள் திறந்த வெளியில் படுக்கின்றன, தாய் ஆட்டுக்குப் பால் இல்லாமல் அவை நோஞ்சானாக இருக்கின்றன. பக்கத்துத் தோப்பிலேயே செத்த ஆடு கிடக்கிறது, அதைச் சுற்றிப் பசித்த நாய்கள் பத்துப் பன்னிரண்டு சேர்ந்துவிட்டன. தனியாக இருக்கும்போது ஆட்டைத் திரும்பிப் பார்க்காத நாய், கூட்டத்தில் ஒன்று ஓடினால் தானும் ஓடும். குட்டி பயந்து ஓடினால் விரட்டும். கூட்டத்தைக் கலைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கலைக்க வழி, அது சேரும் காரணத்தை எடுத்துவிடுவது.

நீங்கள் சொல்லும் தோப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கமும் அதே கதை. குலை தள்ளிய வாழை வரிசையாகச் சாய்ந்து கிடக்கும், இடையில் சேறு முழங்கால்வரை இழுக்கும். தண்டுகளுக்கு நடுவே ஒரு வெள்ளாடு, கழுத்துக் கயிறு அப்படியே இருக்க, வயிறு ஊதிக் கிடந்ததை எடுத்தோம். கட்டிப்போட்டபடி செத்தவை நிறைய. செவலையின் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் படகு ஏறினீர்களே, செய்யக்கூடியதில் பெரிய காரியம் அதுதான். ஊராட்சியில் கேட்டு ஜேசிபி வரவழையுங்கள். ஆற்றுக்கும் கிணற்றுக்கும் தள்ளி ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். மேலோட்டமாக மூடினால் அன்று ராத்திரியே தோண்டிவிடும்.

மருந்து வைக்கும் யோசனையைப் பற்றி இரண்டே வார்த்தை. அது குற்றம், 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. அதைவிட, மருந்து வைத்த கறியை நாய்தான் எடுக்கும் என்று யார் சொன்னது? காக்கை எடுக்கும், மயில் கொத்தும், பூனை இழுத்துக்கொண்டுபோய் யார் வீட்டுப் பரணிலாவது போடும். நாய் வாய்க்காலில் போய் விழுந்து சாகும், அந்தத் தண்ணீரில்தான் குளிக்கவேண்டும். ஏற்கெனவே செத்ததைப் புதைக்க ஆள் இல்லாத ஊர். அப்புறம், காலியான தெருவில் பக்கத்து ஊர் நாய்கள் வந்து உட்கார்ந்துகொள்ளும், அவை ஊசி போட்டவையா என்று உங்களுக்குத் தெரியாது.

ஊசி என்றதும் ஞாபகம் வருகிறது. வெள்ளத்தால் வெறிநோய் வராது. ஆனால் முகம் தெரியாத நாய்கள் இவ்வளவு கடித்துக்கொள்ளும்போது, ஒன்றுக்கு இருந்தால் பலதுக்குப் பரவும். கால்நடை மருந்தகத்தில் சொல்லி ஊருக்கே ஒரு முகாம் கேளுங்கள். மனிதர்களை நாய் கடித்தால், சின்னப் பல் பதிந்த தடமானாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவவேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கக்கூடாது. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசியைத் தொடங்கவேண்டும். கையில் தோலுக்குள் போடும் முறையில் பிறகு 3, 7, 28ஆம் நாட்களில் போடுவார்கள். ரத்தம் வந்த காயமானால் காயத்தைச் சுற்றிப் போடும் மருந்தையும் கேட்டுப் பெறுங்கள். ஊரெல்லாம் சேறாகக் கிடக்கும்போது 28ஆம் நாளை மறந்துவிடுவார்கள், யாராவது ஒருவர் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளம் கொண்டுவருவது எலிக்காய்ச்சல். 2018இல் கேரளத்தில் தண்ணீர் வடிந்த பிறகுதான் அது ஆட்களைக் கொண்டுபோனது. எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து வருவது, நாய்க்கும் வரும், நாயின் மூத்திரத்திலிருந்து நமக்கும் வரலாம். செவலை சாப்பாட்டை மறுத்து, கண் வெள்ளை மஞ்சளாகிப்போனால் காத்திருக்கவேண்டாம். காலில் வெடிப்பு உள்ளவர்கள் பூட்ஸ் இல்லாமல் சேற்றில் இறங்கவேண்டாம். சுகாதார ஊழியர்கள் தடுப்பு மாத்திரை கொடுத்தால் வாங்கிப் பையில் வைக்காமல் சாப்பிடுங்கள்.

செவலையின் பாதத்தைத் திருப்பிப் பார்த்தீர்களா? எங்கள் தெரு நாய் ஒன்று மூன்று காலில் நடந்தது. விரலிடுக்கை விரித்துப் பார்த்தால் தோல் வெளுத்து ஊறி, உரிந்து, உள்ளே சிவப்பாக இருந்தது. நாற்றம் வேறு. முள் குத்தியிருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். நாள் கணக்கில் ஈரத்தில் நின்றதன் விளைவு அது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கழுவி, பழைய துணியால் விரலிடுக்குவரை ஒற்றி, காய்ந்த சாக்கில் படுக்கவிட்டோம். தேறியது. செவலை வீட்டுக்குள் வராததற்குக்கூட இதுவே காரணமாக இருக்கலாம். சேறு கழுவிய தரை இன்னும் ஈரமாகத்தானே இருக்கும். திண்ணையில் காய்ந்த சாக்கு ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

படகுக்காரர்கள் மேல் வருத்தம் வேண்டாம். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலிலேயே சுமார் 800 பேர் சிக்கிக் கிடந்த நேரம், மனிதர்களை எடுக்கவே படகு போதவில்லை. ஆனால் இது படகுக்காரர் நின்ற இடத்தில் முடிவு செய்யவேண்டிய விஷயமும் இல்லை. அமெரிக்காவில் 2005இல் கத்ரீனா புயலின்போது, நாயை விட்டுவிட்டு வரமாட்டோம் என்று பலர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். மறுவருடமே, மீட்புத் திட்டத்தில் வளர்ப்புப் பிராணிகளையும் சேர்க்கவேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். இங்கே ஆடு மாட்டுக்கே அப்படியொரு ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. ஊர் அளவில் ஒன்று செய்யலாம். அடுத்த ஐப்பசிக்குள் எந்த மேட்டில் ஆடு, மாடு, நாயை ஏற்றுவது, தண்ணீர் வருகிறது என்றால் தொழுவத்துக் கயிறுகளை யார் போய் அவிழ்ப்பது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

யார் பக்கம் பேசுவது என்று கேட்டிருந்தீர்கள். ஊர்க்கூட்டத்தில் எழுந்து நாய்க்காகப் பேசாதீர்கள், எடுபடாது. குட்டியைப் பறிகொடுத்தவரின் பட்டிக்கு வேலி போட முதலில் நாலு பேராகப் போய் முள் வெட்டிக் கொடுங்கள். மருந்து விஷயத்தை அந்த வேலை நடக்கும்போது அவரிடமே பேசுங்கள். ராத்திரி செவலையை நீங்கள் கட்டிவைப்பதாகவும் சொல்லுங்கள், சொன்னபடி கட்டவும் செய்யுங்கள். மழை எச்சரிக்கை வந்தால் மட்டும் அவிழ்த்துவிட்டுப் படுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி