அப்பாவின் நாற்காலி எங்கே?

கேள்வி: கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். கிரேக்க நாடகாசிரியர் சோபோக்ளிஸ் எழுதிய ‘கொலோனஸில் ஈடிபஸ்’ நாடகத்தை ஆங்கிலம் வழியாகத் தமிழாக்கி வருகிறேன். பதிப்பாளர் கொடுத்த கெடு முடிய இன்னும் மூன்று மாதம்தான். அம்மா காலமான பிறகு அப்பா என்னோடு இருக்கிறார். வயது 79, ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். முன் வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு, என்னைப் பார்க்க வரும் மாணவர்களிடம் ‘எந்த ஊர், யார் பிள்ளை’ என்று விசாரிப்பார். எனக்குக் கூச்சமாக இருந்ததால் அவருடைய நாற்காலியைப் பின்கட்டு அறைக்கு மாற்றிவிட்டேன். அங்கே ஃபேன் இருக்கிறது, வசதிதான். புத்தகம் முடியும்வரை அவரைக் கோவையில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு அனுப்பலாமா?
- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: அனுப்பலாமா என்பதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த நாற்காலியைப் பற்றிப் பேசுவோம்.

நீங்கள் தமிழாக்கும் நாடகம் எப்படித் தொடங்குகிறது? ஈடிபஸ் என்ற கண் பார்வையற்ற கிழவர் மகள் ஆண்டிகனியின் கையைப் பிடித்துக்கொண்டு கொலோனஸ் ஊர் எல்லைக்கு வந்து சேர்கிறார். உட்கார இடம் கேட்கிறார். ஆண்டிகனி அவரைச் செதுக்காத ஒரு பாறைமேல் உட்கார வைக்கிறாள். உட்கார்ந்த சூடு ஆறவில்லை, ஊர்க்காரன் ஒருவன் வந்து, பேச்செல்லாம் பிறகு, முதலில் அந்த இடத்தை விட்டு எழுந்திரு என்கிறான். பின்னாலேயே ஊர்ப் பெரியவர்கள் வருகிறார்கள். அது தெய்வங்களின் தோப்பு, வெளியே வா என்கிறார்கள். ஆண்டிகனி அவரை அடி அடியாக நடத்திக்கொண்டு வருகிறாள். “இன்னும் போகணுமா?” “இன்னும் கொஞ்சம்.” இது என் வேலை அப்பா என்று சொல்லி, தளர்ந்த அந்த உடம்பைத் தன் கையில் சாய்த்துக்கொண்டு மறுபடி உட்கார வைக்கிறாள். பிள்ளைகளின் சண்டை, சாபம், படையெடுப்பு எல்லாம் வரிசையில் நிற்கும்போது, ஒரு கிழவர் உட்காருவதற்கு இத்தனை வரிகளைக் கொடுத்திருக்கிறார் சோபோக்ளிஸ்.

அந்த வரிகளை எழுதிய கையால்தான் அப்பாவின் நாற்காலியைத் தூக்கிப் பின்கட்டில் போட்டிருக்கிறீர்கள். ஃபேன் இருக்கிறது என்று என்னிடம் எதற்குச் சொல்கிறீர்கள் அம்மா? காற்று போதவில்லை என்று அவர் கேட்டாரா? கூச்சம் என்று நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள்.

எதற்குக் கூச்சம்? ‘எந்த ஊர், யார் பிள்ளை’ என்று கேட்டதற்கா? அதே கேள்வியைத்தான் கொலோனஸ் பெரியவர்கள் ஈடிபஸிடம் விடாமல் கேட்கிறார்கள். அதை மூன்று மாதத்தில் அழகான தமிழில் அச்சுக்கு அனுப்புவீர்கள். வீட்டு வாசலில் உங்கள் அப்பா கேட்டால் மட்டும் அநாகரிகமா?

நீங்கள் படித்தவர், சோபோக்ளிஸின் நகரமான ஏதென்ஸின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நகரத்தில் ஆர்கான் என்ற உயர் பதவிக்கு வருகிறவரை உட்கார வைத்துச் சில கேள்விகள் கேட்பார்கள். உன் தகப்பன் யார், தாய் யார், குடும்பக் கல்லறைகள் எங்கே இருக்கின்றன, பெற்றோரை நல்லபடியாக நடத்துகிறாயா என்று கேட்ட பிறகுதான், வரி கட்டினாயா, படைக்குப் போனாயா என்பதெல்லாம். பெற்றோரை அடித்தவனும், அவர்களுக்குச் சோறும் இருக்க இடமும் கொடுக்காதவனும் மக்கள் சபையில் வாய் திறக்கச் சட்டம் இடம் தரவில்லை. இன்னொன்று. டயோனிசஸ் என்ற மது தெய்வத்தின் திருவிழாவில் யாருடைய நாடகம் மேடையேறலாம் என்று முடிவு செய்தவரும், பெற்றோரைக் கொடுமைப்படுத்தியதாக வரும் வழக்குகளை எடுத்தவரும் ஒருவரே, அந்தத் தலைமை ஆர்கான். நாடகமும் பெற்றோரும் அங்கே ஒரே வாசலில்தான் நின்றார்கள். நீங்கள் இரண்டையும் பிரித்து, ஒன்றை மேசைமேலும் மற்றதைப் பின்கட்டிலும் வைத்திருக்கிறீர்கள்.

சோபோக்ளிஸ் இந்த நாடகத்தை எழுதியபோது அவருக்கு 90 வயதை ஒட்டி இருக்கும். 120 நாடகங்களுக்கு மேல் எழுதினார், முழுதாக நமக்குக் கிடைத்தவை 7. ஏதென்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் கொலோனஸ் அவர் பிறந்த ஊர். பெற்ற பிள்ளைகளே அவருக்குப் புத்தி தளர்ந்துவிட்டது, சொத்தைப் பார்க்க லாயக்கில்லை என்று வழக்குப் போட்டதாகவும், அவர் இந்த நாடகத்தை நீதிபதிகள் முன்னால் படித்துக் காட்டி, இதை எழுதியவனுக்கா புத்தி இல்லை என்று கேட்டதாகவும் ரோமானிய எழுத்தாளர் சிசரோ எழுதியிருக்கிறார். கட்டுக்கதை என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. இருக்கட்டும். இரண்டாயிரம் வருடமாக அதை ஏன் விடாமல் சொல்கிறார்கள் என்று யோசியுங்கள்.

கி.மு. 406 வாக்கில் அவர் இறந்தார். 404இல் ஏதென்ஸ் பகை நகரமான ஸ்பார்ட்டாவிடம் சரணடைந்தது. 401இல், தாத்தாவின் பெயரையே கொண்ட பேரன் இந்த நாடகத்தை மேடையேற்றினான். எந்தப் பகைவனாலும் அழிக்க முடியாத ஒலிவ மரம் என்று கொலோனஸைப் பற்றிய பாட்டில் வருகிறதே, அதைத் தோற்றுப்போன ஜனங்கள் உட்கார்ந்து கேட்டார்கள். செத்துப்போன ஒரு கிழவர் தன் சொந்த ஊரைப் பற்றிச் சொன்னது அது. எனக்கு அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கும்.

அண்ணன் விஷயம். அவரையும் நான் விடப்போவதில்லை. மகன்கள் வீட்டுக்குள் இருக்க, மகள்கள் தெருவில் அலைந்து தகப்பனைக் காப்பாற்றுகிறார்கள் என்று ஈடிபஸ் பொருமுகிறார். அப்பா இரண்டு பேருக்கும் அப்பா. கோவையில் அவருக்கு ஓர் இடம் எப்போதும் இருக்க வேண்டும், அதை அண்ணனிடம் கண்டிப்பாகக் கேளுங்கள். ஆனால் கெடு நெருங்கும்போது அனுப்புவதும் முடிந்ததும் அழைப்பதுமாக இருக்க அவர் பார்சல் இல்லை. போக விருப்பமா என்று அவரிடம் யாராவது கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அதற்கு ஒரு வரி இல்லை. அவர் விரும்பிப் போனால் போகட்டும். இல்லையென்றால் பகலில் துணைக்கு ஓர் ஆளை வையுங்கள், செலவில் பாதியை அண்ணன் தரட்டும். கேட்டதையே கேட்பதற்கு, சலித்துக்கொள்வதை விட்டுவிட்டு, முதியோர் மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள். பதிப்பாளரிடம் ஒரு மாதம் கூடுதலாகக் கேட்டால் குடி முழுகாது.

அப்பா தமிழாசிரியர் என்று போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். உங்கள் தமிழை ஒரு பக்கமாவது அவர் காதில் போட்டதுண்டா? ஏதென்ஸில் அந்த நாடகத்தைக் காதால்தான் கேட்டார்கள். இன்று சாயங்காலம் நாற்காலியை வராந்தாவுக்குக் கொண்டு வாருங்கள். அந்தக் கொலோனஸ் பாட்டை, நைட்டிங்கேல் பறவைக்கு நீங்கள் போட்ட சொல்லிலிருந்து ஒலிவ மரம் வரை, அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். நடுவில் மாணவர்கள் வந்தால், எந்த ஊர் என்று அவர் கேட்டு முடிக்கும்வரை படிப்பை நிறுத்தி வையுங்கள்.