தண்ணீரில் கம்பி விட்டு விற்கிறார்கள்: வாசகர் கேள்வி-பதில்

தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தபோது மிக்ஸி அப்படியே நின்றுவிட்டது. மோட்டார் போய்விட்டது, காயில் மாற்ற 1,600 ரூபாய் ஆகும் என்கிறார் கடைக்காரர். மாற்றலாமா, புதிதே வாங்கிவிடலாமா?
– இல்லத்தரசி, திருச்சி

முதலில் மிக்ஸியைக் கவிழ்த்துப் பாருங்கள். பெரும்பாலான மிக்ஸிகளில் அடியில் சிவப்பாக ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கால் மணி நேரம் ஆறவிட்டு, அதை அமுக்குங்கள். சுமை கூடினால் மோட்டார் எரிந்துவிடாமல் அதுதான் ஓட்டத்தை நிறுத்துகிறது. அமுக்கியும் ஓடவில்லை, கருகிய வாடை வருகிறது என்றால் மட்டும் கடைக்குப் போங்கள். அந்தக் கடைக்குப் போக வேண்டாம்.

தெருமுனை வண்டியில் 5 லிட்டர் குக்கர் 650 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லை, ஆனால் நல்ல கனம். வாங்கலாமா?
– வாசகர், சேலம்

வேண்டாம். முத்திரை இல்லாத குக்கரை விற்பதே 2021 பிப்ரவரியிலிருந்து சட்டப்படி குற்றம்.

"இன்றோடு ஆஃபர் முடிகிறது" என்றார்கள். ஜிம்முக்கு ஒரு வருடப் பணம் 14,000 ரூபாயை மொத்தமாகக் கட்டிவிட்டேன். இரண்டே மாதத்தில் மதுரைக்கு மாற்றலாகிவிட்டது. பணம் திரும்பாது என்கிறார்கள். பில் தரவில்லை, நானும் கேட்கவில்லை.
– தனியார் நிறுவன ஊழியர், சென்னை

பதினாலாயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கேட்காமல் வந்திருக்கிறீர்கள். இதே மாதிரி கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. எல்லாவற்றிலும் அந்த "இன்றோடு முடிகிறது" இருக்கிறது. அடுத்த வாரம் அதே ஜிம் வாசலில் போய்ப் பாருங்கள், அதே பலகை தொங்கும்.

சரி, இனி செய்யக்கூடியது. பணம் அனுப்பிய பதிவு, அவர்களோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகள் இரண்டையும் அழிக்காதீர்கள், அவை சாட்சி. மீதி மாதங்களுக்கான தொகையைக் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள். தர மறுத்தால் உறுப்பினர் அட்டையை வேறொருவர் பெயருக்கு மாற்றித்தரக் கேளுங்கள். விலகியது நீங்கள் என்பதால் முழு வெற்றிக்கு உத்தரவாதம் தர முடியாது. ஆனால் பில் கொடுக்காதது முறையற்ற வணிக நடவடிக்கை என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அதைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள். மதுரையில் மாதாமாதம் கட்டும் இடமாகப் பார்த்துச் சேருங்கள்.

எழுபது வயது அம்மா வீட்டில் தனியாக இருந்தபோது இருவர் வந்து "இலவசத் தண்ணீர் சோதனை" என்றார்களாம். இரண்டு டம்ளரில் கம்பிகளை விட்டு மின்சாரம் கொடுத்ததும் எங்கள் குழாய்த் தண்ணீர் பழுப்பாகிச் சேறு மாதிரி திரண்டதாம். அவர்கள் கொண்டுவந்த தண்ணீர் தெளிவாகவே இருந்ததாம். "இத்தனை வருடமாகப் பேரப்பிள்ளைகளுக்கு இதையா கொடுத்தேன்" என்று அம்மா அழுதுவிட்டார். 17,500 ரூபாய் கொடுத்து ஆர்.ஓ. கருவி மாட்டியாகிவிட்டது. எங்கள் வீட்டுக்கு வருவது சிறுவாணித் தண்ணீர்.
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கோவை

உங்கள் அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள்: அவர் பேரப்பிள்ளைகளுக்கு நல்ல தண்ணீரைத்தான் கொடுத்தார். அவர் மேல் ஒரு தவறும் இல்லை.

அந்தப் பழுப்பு தண்ணீரிலிருந்து வந்ததல்ல, கம்பியிலிருந்து வந்தது. கம்பிகளில் ஒன்று இரும்பு. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் வழியாக மின்சாரம் பாயும்போது இரும்பு கரைந்து துருவாகத் திரள்கிறது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லாததால் மின்சாரம் பாய்வதில்லை, கம்பியும் கரைவதில்லை, தண்ணீர் தெளிவாக நிற்கிறது. அவர்களுடைய "சுத்தமான" டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு அதே கம்பியை விட்டிருந்தால் அதுவும் சேறாகியிருக்கும். எங்கள் வீட்டிலும் இதே கம்பியைக் காட்டித்தான் ஒரு கருவியை மாட்டிவிட்டுப் போனார்கள். பள்ளிக்கூட வேதியியலை ஆயுதமாக்கி வயதானவர்களைப் பயமுறுத்தும் இந்த வியாபாரத்தின் மேல் எனக்கிருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை.

டி.டி.எஸ். மீட்டரும் இதே கதைதான். அது கரைந்த உப்புகளின் மொத்த அளவை மட்டும் காட்டும். அந்த உப்பில் உடம்புக்கு வேண்டிய கால்சியமும் மக்னீசியமும் அடக்கம். கிருமி இருக்கிறதா என்று அந்த மீட்டருக்குத் தெரியாது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. சிறுவாணித் தண்ணீர் அந்த 500-க்கு வெகு கீழே இருப்பது. அதை ஆர்.ஓ.வில் விட்டால் இருக்கிற கொஞ்சம் உப்பும் போய்விடும். போதாததற்கு, வீட்டுக் கருவிகள் பலவற்றில் ஒரு லிட்டர் குடிநீருக்கு மூன்று லிட்டர் அளவுக்குச் சாக்கடைக்குப் போகிறது. கிருமி பயம் இருந்தால் கொதிக்கவைத்து ஆற்றிக் குடித்தால் போதும்.

ஆர்.ஓ. யாருக்குமே வேண்டாம் என்று சொல்லவில்லை. கடலோரப் பகுதிகளில் உப்பு ஏறிய ஆழ்துளைக் கிணற்றை நம்பி இருப்பவர்களுக்கு அது தேவைப்படலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது, ஆர்.ஓ. அதைக் குறைக்கும். எந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். விற்க வந்தவரே சோதனை செய்தால் அது சோதனை இல்லை.

பணத்துக்கு: பொய்யான செய்முறை காட்டி விற்றார்கள், கருவியை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று, போய்ச் சேர்ந்ததற்கான சான்று கேட்டு, ஸ்பீட் போஸ்டில் எழுதுங்கள். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் தமிழிலேயே புகார் பதியுங்கள். மசியவில்லை என்றால் கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போங்கள். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. விடாதீர்கள் அம்மா.

மரச்செக்குக் கடலை எண்ணெய் லிட்டர் 180 ரூபாய்க்கு இணையத்தில் பார்த்தேன். எங்கள் ஊர்ச் செக்கில் அதைவிட மிக அதிகம். எது நியாயமான விலை?
– வாசகி, ஈரோடு

செக்கில் ஒரு லிட்டர் எண்ணெய் எடுக்க இரண்டே கால் முதல் இரண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 120 ரூபாய் என்றே வைத்தாலும் 270 ரூபாய்க்குக் குறையாது. புண்ணாக்கு விற்ற காசைக் கழித்தாலும், ஆட்டும் கூலி, பாட்டில், கூரியர் எல்லாம் சேர்த்து 180-க்குத் தர வழியே இல்லை. லேபிளில் "கலப்பு சமையல் எண்ணெய்" என்று எங்காவது பொடி எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நிகர எடையையும் பாருங்கள். ஒரு லிட்டர் என்றால் சுமார் 910 கிராம் இருக்க வேண்டும். ஈரோட்டில் இருந்துகொண்டு கடலை எண்ணெயைக் கூரியரில் வரவழைப்பானேன்?

அப்பாவுக்குச் சர்க்கரை, தினமும் நடக்கச் சொல்கிறார் டாக்டர். 4 ஹெச்.பி. டிரெட்மில் 19,000 ரூபாய்க்கு வருகிறது. நல்ல பேரமா?
– வாசகர், தஞ்சாவூர்

அந்த 4-க்குப் பக்கத்தில் "பீக்" என்று இருக்கும், பாருங்கள். அது மோட்டார் ஒரு கணம் எட்டக்கூடிய உச்சம். தொடர்ந்து தரும் திறன்தான் கணக்கு, பல மாடல்களில் அது பாதிதான். நான் வாங்கிய ஒன்று அரை மணி நேரத்தில் மோட்டார் சுட்டு நின்றுவிடும். சரிசெய்யக் கம்பெனியிலிருந்து ஆள் வரவே இல்லை. ஆகவே உங்கள் ஊரில் சர்வீஸ் உண்டா என்று விலைக்கு முன்பே கேளுங்கள். அதைவிட, நல்ல செருப்பு ஒன்று வாங்கிக் கொடுத்து, சாயங்காலம் நீங்களும் கூட நடங்கள்.

ஏழு வயது மகன் ஹெல்த் டிரிங்க் கலக்காமல் பால் குடிப்பதில்லை. எந்த பிராண்டு நல்லது?
– வாசகி, திருநெல்வேலி

பிராண்டைப் பார்க்காதீர்கள், டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள். எது எடையில் அதிகமோ அது முதலில் வரவேண்டும் என்பது விதி. சர்க்கரை எத்தனையாவது இடத்தில் இருக்கிறது? அப்புறம் மால்ட்டோடெக்ஸ்ட்ரின், குளுக்கோஸ் சிரப் என்று வேறு பெயர்களிலும் தேடுங்கள். "ஹெல்த் டிரிங்க்" என்ற வகையே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கிடையாது. அந்தத் தலைப்பில் இவற்றை விற்காதீர்கள் என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசே இணையக் கடைகளுக்கு அறிவுறுத்தியது.

வீட்டில் சத்துமாவு திரியுங்கள். அரை கிலோ கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, நிழலில் நன்றாகக் காயவையுங்கள். கம்பு 200 கிராம், பாசிப்பயறு 100 கிராம், பொட்டுக்கடலை 100 கிராம், நாலைந்து ஏலக்காய். பொட்டுக்கடலையை லேசாகச் சூடுகாட்டினால் போதும். மற்றவற்றைத் தனித்தனியாக வாசம் வரும்வரை வறுத்து, ஆறியபின் மில்லில் கொடுங்கள். உங்களுக்கு முன்னால் மிளகாய் அரைத்திருந்தால் அன்று திரும்பி வந்துவிடுங்கள். ஒரு தம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் மாவைக் கட்டியில்லாமல் கரைத்துக் கிளறி, வெந்ததும் பாலும் கொஞ்சம் நாட்டுச் சர்க்கரையும் சேருங்கள். முதல் வாரம் முகத்தைச் சுளிப்பான். விட்டுப்பிடியுங்கள்.

பள்ளிக்கூட ஷூ, பத்தே நாளில் அடிப்பாகம் பிய்ந்துவிட்டது. பில்லில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சிட்டிருப்பதைக் காட்டுகிறார் கடைக்காரர். கூலி வேலைக்குப் போகிறேன், இன்னொரு ஜோடி வாங்க வழியில்லை.
– வாசகர், விழுப்புரம்

பில் வாங்கி வைத்திருக்கிறீர்களே, அதுவே பெரிய பலம். பழுதான பொருளுக்கு அந்த வரி செல்லாது. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள் பழுதான பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர வேண்டும், மறுத்தால் அது முறையற்ற வணிகம் என்று 2019 சட்டம் சொல்கிறது. இன்னும் நாள் இருக்கிறது. ஷூவையும் பில்லையும் எடுத்துக்கொண்டு போய், மாற்றித் தராவிட்டால் 1915-க்குப் பேசப்போவதாக நிதானமாகச் சொல்லுங்கள். சண்டை வேண்டாம். தரவில்லை என்றால் கடை வாசலில் இருந்தே அந்த எண்ணுக்குப் பேசுங்கள். ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு. பில் வழவழப்பான மெல்லிய தாளில் இருந்தால் சில மாதத்தில் எழுத்து மறைந்துவிடும், இன்றைக்கே போனில் படம் எடுத்துவிடுங்கள்.