பழைய படங்களை மீண்டும் எடுப்பது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சினிமா பற்றிய தங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்துவருகிறேன். சென்ற வாரம் என் மகளுக்கு அகிரா குரோசாவாவின் ‘செவன் சாமுராய்’ படத்தைக் காட்ட முயன்றேன். இருபது நிமிடங்களுக்கு மேல் அவளால் உட்கார முடியவில்லை. கறுப்பு வெள்ளையாக இருக்கிறது, மெதுவாக நகர்கிறது, படமே தெளிவாக இல்லை என்கிறாள். அவளைக் குறைசொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. இன்று இவ்வளவு தொழில்நுட்பம் கையில் இருக்கும்போது, ‘செவன் சாமுராய்’, ‘மெட்ரோபோலிஸ்’, ‘பதேர் பாஞ்சாலி’ போன்ற பெரும்படைப்புகளை இந்தத் தலைமுறைக்காகத் திரும்ப எடுத்தால் என்ன? பாட்டிசொன்ன கதையை அம்மா தன் சொற்களில் திரும்பச் சொல்வதில்லையா? மேலும் ரீமேக், ரீபூட் என்ற இரண்டு சொற்களும் ஒன்றுதானா, வேறா? தங்கள் பார்வையில் மறுஆக்கம் செய்யத் தகுதியான ஐந்து பழைய படங்களைச் சொல்ல முடியுமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொல்லும் மூன்று படங்களில் இரண்டுக்குத் தேவைப்பட்டது மீட்பு. 1927இல் பெர்லினில் வெளியான ‘மெட்ரோபோலிஸ்’ சில மாதங்களுக்குள்ளாகவே வெட்டிக் குறைக்கப்பட்டு, எண்பது ஆண்டுகள் குறைப்படமாகவே ஓடிக்கொண்டிருந்தது. 2008இல் புவனோஸ் ஐரிஸ் நகரின் அருங்காட்சியகம் ஒன்றில் 16 மில்லிமீட்டர் பிரதி கிடைத்தபிறகுதான், இழந்த பகுதியில் ஏறக்குறைய 25 நிமிடங்கள் திரும்பச் சேர்க்கப்பட்டு 2010இல் திரையிடப்பட்டது. சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யின் மூல நெகட்டிவ் 1993இல் லண்டன் ஆய்வகம் ஒன்றில் நிகழ்ந்த தீவிபத்தில் கருகியது. அந்தக் கருகிய சுருள்களிலிருந்து எடுக்க முடிந்ததை எடுத்து, மற்ற பிரதிகளைக்கொண்டு நிரப்பி, 2015இல் அது மீட்டுக் கொண்டுவரப்பட்டது. உங்கள் மகள் பார்த்தது எந்தப் பிரதி என்று தெரியவில்லை. படம் தெளிவாக இல்லை என்று அவள் சொல்லியிருப்பதால், சலிப்பில் பாதிக்கு அந்தப் பிரதியே காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். ‘செவன் சாமுராய்’ 207 நிமிடங்கள் ஓடும் படம். கிராமத்தின் ஒவ்வொரு முகமும் நமக்குப் பழகிய பிறகுதான் அங்கே போர் தொடங்குகிறது. அதை விரைவுபடுத்தினால் கடைசி மழைக்காட்சியில் சாகிறவர்கள் யாரோ சிலராகிவிடுவார்கள். ஹாலிவுட் அதை 1960இலும் 2016இலும் கௌபாய் கதையாக எடுத்துப் பார்த்துவிட்டது.

உங்கள் பாட்டிகதை உவமை அழகானது. ஆனால் அம்மா திரும்பச் சொல்வது கதையை; பாட்டியின் குரலை அல்ல. அந்த வேறுபாட்டை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1998இல் கஸ் வான் சான்ட் எடுத்த ‘சைக்கோ’ தெளிவான சான்று. 1960இல் ஹிட்ச்காக் எடுத்த படத்தின் அதே திரைக்கதை, பெரும்பாலும் அதே கோணங்கள், பெர்னார்ட் ஹெர்மனின் அதே இசை, கூடுதலாக வண்ணம். எல்லாம் இருந்தும் அச்சம் மட்டும் வரவில்லை. அதைப் பார்க்கையில், ஓவியம் ஒன்றின்மேல் மெல்லிய தாளை வைத்துக் கோடுகளைப் பின்தொடர்ந்து வரைந்ததைப் பார்ப்பதுபோல இருந்தது எனக்கு. கோடு இருக்கிறது, அது அந்த இடத்தில் ஏன் வளைந்தது என்பது இல்லை.

இதற்கு நேர் எதிரான உதாரணம் ‘த மால்டீஸ் ஃபால்கன்’. இன்று நாம் அந்தப் பெயரில் கொண்டாடுவது 1941இல் வெளியான ஜான் ஹூஸ்டனின் முதல் படம். அது மூன்றாவது முயற்சி என்பது பலருக்குத் தெரியாது. டாஷியல் ஹாமெட்டின் நாவலை அதே வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் 1931இல் ஒருமுறையும், 1936இல் வேறு பெயரில் நகைச்சுவையாக ஒருமுறையும் எடுத்திருந்தது. பத்தே ஆண்டுகளில் இரண்டுமுறை எடுக்கப்பட்ட கதையைக் கையில் வாங்கிய புதிய இயக்குநர் முந்தைய படங்களை மேம்படுத்த முயலவில்லை. நாவலுக்கே திரும்பிச் சென்றார். ஹாமெட்டின் உரையாடல்களை ஏறத்தாழ அப்படியே எடுத்துக்கொண்டு, அந்த வறண்ட, எவரையும் நம்பாத குரலைத் திரையில் கொண்டுவந்தார். 1931ஆம் ஆண்டுப் படம், தணிக்கை விதிகள் இறுகுவதற்கு முன்பு எடுக்கப்பட்டதால், பாலுறவு விஷயங்களில் ஹூஸ்டனின் படத்தைவிட வெளிப்படையானது. ஆனாலும் நாவலுக்கு அருகில் நிற்பது, வாயைக் கட்டிக்கொண்டு பேசிய இந்த மூன்றாவது படம்தான். சுதந்திரம் கிடைத்தால் போதும், நல்ல படம் வந்துவிடும் என்று நம்புபவர்கள் இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம்.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த அளவுகோல் ஒன்று உண்டு. திரும்ப எடுப்பவர் முந்தைய படத்தைப் பார்த்துக்கொண்டு எடுக்கக் கூடாது. முந்தைய படம் எதைப் பார்த்து எடுக்கப்பட்டதோ அதைப் பார்க்க வேண்டும். அது நாவலாக இருக்கலாம், நாடகமாக இருக்கலாம், ஒரு வரலாற்று நிகழ்வாகவும் இருக்கலாம். அங்கே இன்னும் எடுக்கப்படாத ஏதோ மிச்சமிருக்கிறது என்றால் மட்டுமே மறுஆக்கத்துக்கு நியாயம் உண்டு.

தொழில்நுட்பம் பற்றி நீங்கள் சொல்வதையும் இந்த அளவுகோலைக்கொண்டே பார்க்கிறேன். ஜான் கார்ப்பென்டர் 1982இல் எடுத்த ‘த திங்’ படத்தை, புதிய உத்திகள் பழைய படத்தை மேம்படுத்தியதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். ஜான் கேம்ப்பெல் 1938இல் எழுதிய கதையில், பனிக்கண்டத்தில் அகப்பட்ட வேற்றுலக உயிர் தான் தின்ற எவருடைய உருவையும் எடுத்துக்கொள்ளும். 1951இல் வந்த முதல் படம் அந்தக் கருவையே விட்டுவிட்டு, அதை ஒரு நெடிய பூதமாக ஆக்கிக்கொண்டது. கார்ப்பென்டர் கதைக்குத் திரும்பினார். ராப் பாட்டின் செய்த அருவருப்பான உருவங்கள் புகழ்பெற்றவைதான். ஆனால் படத்தில் நம்மை உறையவைக்கும் காட்சி, ஒவ்வொருவருடைய ரத்தத்தையும் எடுத்துச் சூடான கம்பியால் தொட்டுப் பார்ப்பது. ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும் சிலர், யார் மனிதன் என்று தெரியாமல். அந்தப் பதற்றத்துக்கு 1951லேயே செலவு எதுவும் ஆகியிருக்காது. மறுபுறம் ‘கிங் காங்’குக்குப் பின்னால் நாவலோ நாடகமோ இல்லை, 1933இல் அது நேராகத் திரைக்கென்றே உருவாக்கப்பட்டது. ஆகவே திரும்ப எடுப்பவர்களுக்குப் போய்ச்சேர வேறு இடமில்லை, பெரிதாக்க மட்டுமே முடியும். முதல் படம் 100 நிமிடங்கள். பீட்டர் ஜாக்சன் 2005இல் எடுத்தது 187 நிமிடங்கள். அன்போடு எடுக்கப்பட்ட படம் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் நினைவில் நிற்பது பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்தி எடுக்கப்பட்ட அந்தப் பழைய குரங்குதான்.

ரீபூட் என்பது வேறு. ரீமேக் ஒரு படத்தைத் திரும்ப எடுப்பது. ரீபூட் ஒரு தொடரின் கணக்கை அழித்துவிட்டு ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குவது. பெரும்பாலும் அது வணிக முடிவு. எனினும் 2006இல் ‘கசினோ ராயல்’ மூலம் ஜேம்ஸ் பாண்ட் தொடர் புத்துயிர் பெற்றபோது, அவர்கள் சென்று நின்றதும் இயன் ஃப்ளெமிங் 1953இல் எழுதிய முதல் நாவலில்தான் என்பதைக் கவனியுங்கள்.

ஐந்து படங்கள் கேட்டிருக்கிறீர்கள். மனமறிந்து என்னால் மூன்றைத்தான் சொல்ல முடியும்.

முதலாவது, லில்லியன் ஹெல்மன் 1934இல் எழுதிய ‘த சில்ட்ரன்ஸ் ஹவர்’ நாடகத்தின் திரைவடிவம். சேர்ந்து பள்ளி நடத்தும் இரண்டு பெண்கள்மீது, தண்டனைக்குள்ளான மாணவி ஒருத்தி அவர்களிடையே காதல் இருப்பதாகப் பொய்ப்பழி சுமத்துகிறாள். 1936இல் வில்லியம் வைலர் அதைப் படமாக்கியபோது தணிக்கை விதிகள் நாடகத்தின் கருவை மட்டுமல்ல, தலைப்பையே பயன்படுத்த விடவில்லை. ஹெல்மனே திரைக்கதையை மாற்றி எழுதி, பழியை ஆசிரியைகளில் ஒருத்திக்கும் மற்றவளுக்கு நிச்சயிக்கப்பட்ட ஆணுக்கும் இடையிலானதாக ஆக்கிக்கொடுத்தார். படத்துக்கு ‘தீஸ் த்ரீ’ என்று பெயரிட்டார்கள். இருபத்தைந்து ஆண்டுகள் அந்தக் கதை வைலருக்குள் கிடந்திருக்க வேண்டும். 1961இல் அவரே ஆட்ரி ஹெப்பர்னையும் ஷெர்லி மக்லெய்னையும் வைத்து, நாடகத்தின் பெயரிலேயே அதைத் திரும்ப எடுத்தார். முதல் படத்தில் ஆசிரியைகளில் ஒருவராக நடித்த மிரியம் ஹாப்கின்ஸ் இதில் அத்தையாக வருகிறார். ஒரே இயக்குநர், தன்னைத் தடுத்த கை தளர்ந்ததும் விட்ட இடத்துக்குத் திரும்பிவந்தார் என்ற வகையில் இதைவிட நியாயமான மறுஆக்கம் இருக்க முடியாது. ஆனால் அப்போதும் அவரால் முழுதாகச் சொல்ல முடியவில்லை. சிறுமி பாட்டியின் காதில் அந்தப் பழியைக் கிசுகிசுக்கும் காட்சி காருக்குள் நிகழ்கிறது. நமக்கு அது கேட்பதில்லை, பாட்டியின் முகம் மாறுவது மட்டும் தெரிகிறது. திரைமொழி என்ற முறையில் அது அற்புதமான காட்சி. ஆனால் படம் முழுக்கவே அப்படித்தான், காதோடு காதாகப் பேசுகிறது. தாங்கள் நடிப்பது எதைப் பற்றி என்று படப்பிடிப்பில் எவரும் பேசிக்கொண்டதே இல்லை என்று மக்லெய்ன் பிற்காலத்தில் ஓர் ஆவணப்படத்தில் சொல்லியிருக்கிறார். பொய் என்று தொடங்கிய பழி, அவர்களில் ஒருத்தியின் உள்ளத்தில் உறங்கிக்கிடந்த ஓர் உண்மையைத் தொட்டு எழுப்பிவிடுகிறது என்பதே நாடகத்தின் உச்சம். அந்த உச்சம் இன்னும் அதன் முழு விசையோடு திரைக்கு வரவில்லை.

இரண்டாவது, ஆர்சன் வெல்ஸின் ‘த மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்’. வெல்ஸ் பிரேசிலில் வேறொரு படப்பிடிப்பில் இருந்தபோது, தயாரிப்பு நிறுவனம் நாற்பது நிமிடங்களுக்கு மேல் வெட்டி, முடிவை வேறு ஆட்களைக்கொண்டு இனிமையாகத் திரும்ப எடுத்துச் சேர்த்து, 1942இல் 88 நிமிடப் படமாக வெளியிட்டது. வெட்டிய பகுதிகள் பின்னர் அழிக்கப்பட்டன. 2002இல் வெல்ஸின் திரைக்கதையை வைத்தே தொலைக்காட்சிக்காக ஒருமுறை எடுத்துப் பார்த்தார்கள். இறந்தவரின் தாளைப் பார்த்து எழுதும் அதே தவறு. செல்ல வேண்டிய இடம் பூத் டார்கிங்டன் 1918இல் எழுதிய நாவல். மோட்டார் வாகனம் ஒரு பெருங்குடும்பத்தையும் அதன் நகரத்தையும் எப்படித் தின்கிறது என்ற கதை அது. அந்த வாகனத்தைக் கண்டுபிடித்து உருவாக்குபவனே, இது நாகரிகத்துக்குப் பின்னடைவாகவும் இருக்கலாம் என்று விருந்து மேசையில் ஒப்புக்கொள்கிறான். 1918இல் ஊகமாகச் சொல்லப்பட்டதன் விளைவை அறிந்தவர்கள் நாம். வெல்ஸுக்குக்கூட அந்த அறிவு கிடைக்கவில்லை.

மூன்றாவது நம்முடையது. கல்கியின் கதையை கே. சுப்ரமணியம் 1939இல் எடுத்த ‘தியாக பூமி’. பிரிட்டிஷ் அரசு தடைசெய்த படம் என்ற ஒற்றை வரியில் அதை நினைவில் வைத்திருக்கிறோம், அந்த வரியே படத்தை மறைத்துவிட்டது. கணவனால் புறக்கணிக்கப்பட்ட சாவித்திரி செல்வமும் செல்வாக்கும் பெற்றுத் திரும்பிவருகிறாள். அவள் தன்னுடன் வந்து வாழ வேண்டும் என்று கணவன் வழக்குத் தொடுக்கிறான். கதை பிறகு தேச விடுதலைக்குள் நுழைந்து, அந்தப் பெருவெள்ளத்தில் கணவன் மனைவி என்ற கேள்வியைக் கரைத்துவிடுகிறது. 1939இல் அது இயல்பானது, கல்கிக்கு அதுவே முதன்மையும்கூட. ஆனால் அப்படியொரு வழக்கைத் தொடுக்கும் வழி 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவாக எழுதப்பட்டு இன்றும் இருக்கிறது. எனவே எடுப்பவர் நீதிமன்றத்தை விட்டு வெளியே வர வேண்டியதில்லை. கூண்டில் நின்று, இவரோடு வாழ மாட்டேன், வேண்டுமானால் இவருக்கு நான் ஜீவனாம்சம் தருகிறேன் என்கிறாள் சாவித்திரி. அதைக் கேட்கும் கணவனின் முகத்திலிருந்து படத்தைத் தொடங்கலாம்.

அன்புடன்