ட்ராயிங்கை ஏஐ படித்துச் சொல்கிறது: அதை நம்பி மெஷினை ஓட்டலாமா?

கேள்வி: சிஎன்சி (கணினி இயக்கும் மெஷின்) பிரிவில் ஆபரேட்டராகச் சேர்ந்து சில மாதங்கள் ஆகின்றன. வொர்க் ஆர்டரோடு வரும் ட்ராயிங்கைப் படிக்கத் தடுமாறுகிறேன். கைபேசியில் போட்டோ எடுத்து ஏஐ செயலியில் போட்டால் எல்லா அளவுகளையும் பட்டியலாகக் கொடுத்துவிடுகிறது. அதை வைத்தே வேலை செய்யலாமா? நானே படிக்கக் கற்பதென்றால் எங்கே தொடங்குவது?

பதில்: முதலில் போட்டோ எடுப்பதை நிறுத்துங்கள். அந்த ட்ராயிங் பல நேரம் உங்கள் கம்பெனியின் சொத்துகூட இல்லை, வாடிக்கையாளருடையது. அனுமதியில்லாமல் நகலெடுக்கவோ வெளியாருக்குத் தரவோ கூடாது என்று டைட்டில் பிளாக் (ட்ராயிங்கின் மூலையிலுள்ள விவரக் கட்டம்) பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். பொதுச் செயலியில் ஏற்றுவதும் வெளியாருக்குத் தருவதுதான். ராணுவம், விமானம் சார்ந்த பாகம் என்றால் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டங்களும் சேர்ந்துகொள்ளும். கம்பெனியே அனுமதித்த ஏஐ கருவி இருந்தால் அதில் மட்டும் ஏற்றுங்கள். அப்படி ஒன்று இல்லாவிட்டாலும், படத்தைக் காட்டாமலேயே ஏஐயிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடியது நிறைய இருக்கிறது.

இனி நேர் பதில். ஏஐ தரும் பட்டியலை வைத்து மெஷினை ஓட்டாதீர்கள். முதலில் நீங்கள் படித்து உங்கள் பட்டியலை எழுதி முடியுங்கள். அதைச் சரிபார்க்க ஏஐயைக் கூப்பிடுங்கள். இந்த வரிசையை மாற்றக் கூடாது. ஏஐயின் பட்டியலை முன்னால் பார்த்துவிட்டால், ட்ராயிங்கிலும் கண் அந்த எண்ணையே தேடும். 38 என்று சொல்லிவிட்டால், மங்கலான 36-உம் 38-ஆகத்தான் தெரியும்.

வொர்க் ஆர்டரில் தொடங்குங்கள்

புதிதாக வருபவர்கள் ட்ராயிங்கை விரித்ததும் படத்தைப் பார்ப்பார்கள். படத்துக்குக் கடைசியில் வரலாம். முதலில் எடுக்க வேண்டியது வொர்க் ஆர்டர். சில இடங்களில் ஜாப் கார்டு அல்லது ரூட் கார்டு என்பார்கள். அதிலுள்ள பார்ட் நம்பரையும் ரிவிஷனையும் (ட்ராயிங் எத்தனையாவது திருத்தம் என்ற எழுத்து) ட்ராயிங்கின் டைட்டில் பிளாக்கோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஆர்டரில் ரிவிஷன் சி, மெஷின் பக்கத்தில் மாட்டியிருக்கும் ட்ராயிங்கில் பி என்றால் வேலையைத் தொடங்கவே கூடாது. பி-க்கும் சி-க்கும் நடுவே ஒரு துளை 2 மி.மீ. நகர்ந்திருக்கலாம், மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டு தாளும் ஒன்றுபோலத்தான் இருக்கும். என்ன மாறியது என்று ரிவிஷன் கட்டத்தில் ஒரு வரி எழுதியிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு, மெஷினில் உள்ள புரோகிராம் எந்த ரிவிஷனுக்கு எழுதியது என்பதையும் பாருங்கள். தாள் இரண்டும் பொருந்தியிருக்க, கன்ட்ரோலரில் மட்டும் பழைய புரோகிராம் கிடப்பது அடிக்கடி நடக்கிற விபத்து.

அடுத்து மெட்டீரியல். கிரேடு சரியா, பாரில் அடித்திருக்கும் ஹீட் நம்பர் (உலோகத்தை உருக்கிய தொகுதியின் எண்) கார்டில் உள்ளதுதானா என்று பாருங்கள். எண்ணிக்கையையும் கவனிக்க வேண்டும். 200 உருப்படிக்கு 206 பிளாங்க் (கடைவதற்கு வெட்டிய துண்டு) கொடுத்திருந்தால், அந்த ஆறு செட்டிங்குக்கும் ஸ்க்ராப்புக்கும் கொடுத்த கூடுதல்.

அதற்குப் பிறகு ஆப்பரேஷன் வரிசை. 10, 20, 30 என்று பத்துப் பத்தாக எண் போடுவது, நடுவில் ஒன்றைச் சேர்க்க நேர்ந்தால் இடம் வேண்டும் என்பதற்காக. உங்களுடையது எது, அதற்கு முன்னால் என்ன முடிந்திருக்க வேண்டும், பின்னால் என்ன வரப்போகிறது என்று மூன்றையும் படியுங்கள். பின்னால் வருவதைப் படிக்காமல் விடுவதால்தான் நல்ல மெட்டீரியல் வீணாகிறது. ஓர் உதாரணம்: ஃபினிஷ் ட்ராயிங்கில் ஷாஃப்டின் விட்டம் 25 ஜி6, அதாவது 24.980 முதல் 24.993 மி.மீ. வரை. உங்கள் ஆப்பரேஷன் 20 டர்னிங், 30 ஹீட் ட்ரீட்மென்ட், 40 கிரைண்டிங். ஆப்பரேஷன் ஷீட்டில் உங்களுக்குக் கொடுத்திருப்பது 25.30. அதைப் பார்க்காமல் ஃபினிஷ் ட்ராயிங்கை மட்டும் பார்த்து 24.985-க்குக் கடைந்தால் அளவு ‘சரி’யாகத்தான் இருக்கும். ஆனால் ஹீட் ட்ரீட்மென்டில் லேசாக வளைந்து வரும் ஷாஃப்டை நேராக்க கிரைண்டருக்கு ஒரு மைக்ரான்கூட மிச்சமிருக்காது. ட்ராயிங்கை மட்டும் ஏற்றி ஏஐயிடம் கேட்டாலும் இதே தவறான விடைதான் கிடைக்கும், அதற்கு ஆப்பரேஷன் ஷீட் தெரியாதே.

பிளேட்டிங்கிலும் இதே கதை. 10 மைக்ரான் பூச்சு என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து விட்டம் 20 மைக்ரான் கூடும். 60 டிகிரி வெளிமரையில் பிட்ச் விட்டம் (மரைப் பல்லின் நடு உயரத்தில் எடுக்கும் விட்டம்) 40 மைக்ரான் கூடும். ட்ராயிங்கில் உள்ள அளவு பூச்சுக்கு முன்னாலா பின்னாலா என்று குறிப்பில் தேடுங்கள். எழுதியில்லை என்றால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இப்போது ட்ராயிங்

டைட்டில் பிளாக், பிறகு குறிப்புகள், பிறகு படம். இந்த வரிசையில் படியுங்கள். டைட்டில் பிளாக்கில் மி.மீ.யா அங்குலமா, எந்தப் புரொஜெக்‌ஷன் (தோற்றங்களைத் தாளில் அடுக்கும் முறை), பொது டாலரன்ஸ் (அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற எல்லை) என்ன என்ற மூன்றும் தெரிந்தாக வேண்டும்.

புரொஜெக்‌ஷன் குறியில் ஒரு வெட்டிய கூம்பும் இரண்டு வட்டங்களும் இருக்கும். வட்டங்கள் கூம்பின் அகன்ற முனைப் பக்கம் இருந்தால் முதல் கோணம். குறுகிய முனைப் பக்கம் இருந்தால் மூன்றாம் கோணம். முதல் கோணத்தில் மேலிருந்து பார்க்கும் தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே வரும், மூன்றாம் கோணத்தில் மேலே வரும். இதைக் குழப்பிக்கொண்டால் பாகம் கண்ணாடியில் பார்த்ததுபோல இடவலம் மாறிப்போகும். அளவெல்லாம் சரியாக இருக்கும், அசெம்பிளியில்தான் பொருந்தாது.

டாலரன்ஸ் எழுதாத அளவுக்கு எல்லையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஐஎஸ்ஓ 2768-எம் என்ற பொது டாலரன்ஸ் தரநிலை டைட்டில் பிளாக்கில் இருந்தால், 6-க்கு மேல் 30 மி.மீ. வரை ±0.2, 120 வரை ±0.3, 400 வரை ±0.5. வெறுமனே 45 என்றிருந்தால் 44.7 முதல் 45.3 வரை.

அங்குல ட்ராயிங்கில் விவகாரம் வேறு. அங்கே பெரும்பாலும் தசமப் புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் என்பதே டாலரன்ஸைத் தீர்மானிக்கும். இரண்டு இலக்கத்துக்கு ±.01, மூன்றுக்கு ±.005 என்று டைட்டில் பிளாக் சொன்னால், .50-க்கும் .500-க்கும் எல்லை ஒன்றில்லை. கடைசிச் சுழியத்தைக் கணக்குத் தாள் மென்பொருள் தானாகத் தின்றுவிடும். ஏஐயும் பட்டியல் போடும்போது .5 என்று சுருக்கி எழுதிவிடக்கூடும். எண்ணில் பிழை இல்லை, டாலரன்ஸ்தான் காணாமல் போயிருக்கும். அங்குல ட்ராயிங்குக்கு ஏஐ போட்ட பட்டியலில் நாம் முதலில் தேடுவது இதைத்தான்.

மரையிலும் இதுபோல ஒரு விடுபடல் உண்டு. எம்8 என்று மட்டும் இருந்தால் பிட்ச் (அடுத்தடுத்த மரைப் பற்களுக்கு இடையிலான தூரம்) 1.25, டேப்புக்கு முந்தைய ட்ரில் 6.8 மி.மீ. எம்8×1 என்றால் ட்ரில் 7.0. அந்த ‘×1’ ஸ்கேனில் மங்கிப்போனால் ட்ரில், டேப், மரை மூன்றுமே தவறு.

ஒரு துளையை நெருங்கிப் பார்ப்போம்

அதிகம் குழப்புவது பொசிஷன் டாலரன்ஸ், அதாவது துளையின் மையம் சரியான இடத்திலிருந்து எவ்வளவு விலகலாம் என்ற எல்லை. துளையின் இடம் பெட்டிக்குள் 40, 25 என்று போட்டிருக்கிறது. கீழே உள்ள கட்டத்தில் பொசிஷன் குறி, விட்டம் 0.2, வட்டத்துக்குள் எம், பிறகு ஏ, பி, சி. துளையின் அளவு 10, டாலரன்ஸ் +0.15 / 0.

பெட்டிக்குள் இருக்கும் எண்ணுக்குப் பொது டாலரன்ஸ் கிடையாது. 40-ஐ 39.7 முதல் 40.3 வரை என்று எடுத்துக்கொள்வது, புதியவர்களும் ஏஐயும் ஒன்றுபோலச் செய்கிற தவறு. ஏ, பி, சி என்பவை டேட்டம்கள். பாகத்தை எந்த முகத்தில் முதலில் உட்காரவைத்து, எதில் அடுத்து ஒட்டவைத்து அளக்க வேண்டும் என்ற வரிசை. வைஸில் வேறு முகத்தைப் பிடித்துத் துளை போட்டால் உங்கள் அளவும் இன்ஸ்பெக்‌ஷன் அளவும் ஒத்துப்போகாது.

அளந்ததில் 40.08, 25.08 வந்தது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு விலகலும் 0.08. வர்க்கங்களைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்கினால் 0.226. அனுமதி 0.2 என்பதால் ரிஜெக்ட் போலத் தோன்றும். ஆனால் வட்டத்துக்குள் எம் இருக்கிறதே! துளை எவ்வளவு பெரிதாக வந்திருக்கிறதோ, அந்த அளவு இடவிலகலுக்குக் கூடுதல் சலுகை உண்டு என்பது அதன் பொருள். மிகச் சிறிய அனுமதி விட்டம் 10.00, அளந்த விட்டம் 10.06, ஆக 0.06 கூடுதல். மொத்த அனுமதி 0.26. பாகம் பாஸ்.

அந்தச் சின்ன எம் படிக்காமல் விடப்பட்டால் நல்ல பாகம் ஸ்க்ராப் தொட்டிக்குப் போகும். இல்லாத எம்-ஐ இருப்பதாக எடுத்துக்கொண்டால் கெட்ட பாகம் வாடிக்கையாளருக்குப் போகும். ஸ்கேனில் அது சில புள்ளிகள் அளவுக்குத்தான் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஏஐ எதில் சறுக்கும்

பெரிய தாளைப் படமாக ஏற்றும்போது பல கருவிகள் அதைத் தங்களுக்கேற்பச் சுருக்கிக்கொள்கின்றன. பொடி எழுத்து அப்போதே கலைந்துவிடும். கலைந்த இடத்தில் ‘தெரியவில்லை’ என்று சொல்லாமல், பொருத்தமாகத் தோன்றும் எண்ணை நிரப்பும் பழக்கம் இந்த மாடல்களுக்கு உண்டு. 3, 6, 8 ஒன்றுக்கொன்று மாறும். விட்டக் குறி சுழியமாகிவிடும். மேலும் கீழுமாக அடுக்கிய +0.05 / −0.02 போன்றவற்றில் குறி இடம் மாறும். ‘4×’ விடுபட்டு நான்கு துளை ஒன்றாகும். காற்புள்ளியைத் தசமமாகப் போடும் ட்ராயிங்கில் 12,500 பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ஆகிவிடும். இதெல்லாம் எழுத்துப் பிழை மாதிரி, தேடினால் அகப்படும். படத்தில் இல்லாத அளவைப் பக்கத்து அளவிலிருந்து ஊகித்து, ட்ராயிங்கிலேயே இருந்ததைப்போல எழுதுவது இவற்றைவிட ஆபத்தானது.

கம்பெனிக் கருவியில் ஏற்றுவதாக இருந்தால், முழுத் தாளாக வேண்டாம். ஒவ்வொரு தோற்றத்தையும் தனியாக வெட்டி, குறைந்தது 300 டிபிஐ ஸ்கேனாகக் கொடுங்கள். ‘படிக்க முடியாததை ஊகிக்காதே, படிக்க முடியவில்லை என்று எழுது, ஒவ்வோர் அளவும் எந்தத் தோற்றத்தில் இருக்கிறது என்று சொல்’ என்று கேளுங்கள். அதற்கு முன், நீங்கள் ட்ராயிங்கின் நகலில் இடது மேல் மூலையில் தொடங்கிக் கடிகாரச் சுற்றில் ஒவ்வோர் அளவுக்கும் பலூன் எண் (வட்டத்துக்குள் எழுதும் வரிசை எண்) போட்டிருக்க வேண்டும். உங்களிடம் 43, ஏஐயிடம் 41 என்றால் இரண்டு அளவு எங்கோ விழுந்துவிட்டது. எண்ணிக்கை ஒத்துப்போனாலும் டாலரன்ஸ் இறுக்கமான அளவுகளை மூலத் தாளில் விரல் வைத்துப் பாருங்கள். 3டி மாடலில் டாலரன்ஸும் சேர்த்தே வந்திருந்தால் ஸ்கேனே வேண்டாம். அதிலிருந்து நேரடியாக எடுப்பதுதான் சுத்தம்.

எதற்கெல்லாம் தாராளமாகக் கேட்கலாம்

ஜெர்மன், ஜப்பானியக் குறிப்புகளை மொழிபெயர்க்க ஏஐ நன்றாகவே உதவும். ஒரு குறியின் பொருளைக் கேட்கலாம். மேலே செய்த பொசிஷன் கணக்கை எண்களை மட்டும் கொடுத்துச் சரிபார்க்கலாம். கம்பெனிப் பெயரோ பார்ட் நம்பரோ தேவையில்லை. எச்7, ஜி6 போன்ற டாலரன்ஸ் குறியீடுகளின் எல்லைகளை மட்டும் அதன் நினைவிலிருந்து வாங்காமல் அட்டவணையில் பாருங்கள். சோதிக்க வேண்டுமானால் 25 எச்7 கேளுங்கள்: +0.021 / 0 என்று வர வேண்டும்.

நம் கணிப்பில் அது உண்மையாகவே பயன்படும் இடம் ஒப்பீடு. அனுமதித்த கருவியில் ட்ராயிங்கின் குறிப்புகளையும் வொர்க் ஆர்டரின் ஆப்பரேஷன் பட்டியலையும் எழுத்தாகக் கொடுத்து, ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாதது எது என்று கேளுங்கள். குறிப்பு 7-இல் பாஸிவேஷன் (துருப்பிடிக்காமலிருக்கச் செய்யும் ரசாயனக் குளியல்) இருக்கும், ரூட்டில் அப்படி ஓர் ஆப்பரேஷனே இருக்காது. அலுத்துப்போன மனிதக் கண் இதைத் தாண்டிப் போய்விடும்.

பயிற்சிக்கு, முடிந்த பாகம் ஒன்றையும் அதன் ட்ராயிங்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் ஒரு கோட்டைத் தொட்டு, பாகத்தில் அது எந்த விளிம்பு என்று காட்டுங்கள். விட்டுவிட்டு வரும் கோடு என்றால் அது எந்தப் பக்கத்தில் மறைந்திருக்கிறது என்று சொல்லுங்கள். பிறகு வெர்னியரில் அளந்து, எல்லைக்குள் இருக்கிறதா என்று எழுதிக்கொள்ளுங்கள். தாளின் மேல் ஸ்கேல் வைத்து மட்டும் அளக்காதீர்கள்; பிரின்ட் எடுக்கும்போதே அளவு சுருங்கியிருக்கும்.

சந்தேகம் வந்தால் ட்ராயிங்கில் பேனாவால் திருத்தாதீர்கள். ‘ஷீட் 2, வெட்டுத்தோற்றம் ஏ-ஏ, பலூன் 14: 36-ஆ 38-ஆ தெளிவில்லை’ என்று இடத்தைக் குறித்து எழுதி சூப்பர்வைசரிடம் கொடுங்கள். பதிலையும் எழுத்திலேயே வாங்கி, ஜாப் கார்டோடு இணைத்துவிட்டு செட்டிங்கைத் தொடங்குங்கள்.