ஆங்கிலத்தில் ‘ஷேட்’, ‘ஷேடோ’ இரண்டும் நிழல்தானே, என்ன வேறுபாடு?

அகராதியைப் பார்த்தால் இரண்டுக்கும் ‘நிழல்’ என்றே போட்டிருக்கிறது, பிறகு எதற்கு இரண்டு சொற்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் இந்த ஐயம் நெடுநாள் இருந்தது.

வெயில் படாத இடம் ‘ஷேட்’. ஒரு பொருள் ஒளியை மறிப்பதால் தரையிலோ சுவரிலோ விழும் அதன் உருவம் ‘ஷேடோ’. சென்னையில் என் வீட்டு மொட்டைமாடியில் கத்தரி நாற்றுகளுக்கு மேலே பச்சை நிற ஷேட் நெட் கட்டியிருக்கிறேன். அந்த வலையைக் கடையில் 50 சதவீதம், 75 சதவீதம் என்று சொல்லித்தான் வாங்க வேண்டும், ஏனென்றால் அது எவ்வளவு வெயிலைத் தடுக்கிறது என்பதே அங்கே கணக்கு. அதே மாடியில் கொடிக்கம்பி கட்டிய இரும்புக் குழாயின் ‘ஷேடோ’ காலையில் கைப்பிடிச் சுவர்வரை நீண்டு கிடக்கிறது, வெயில் ஏற ஏறச் சுருங்குகிறது. அதை அடிக்கணக்கில் அளக்கலாம். ஏப்ரல் இறுதியில் ஒரு நாளும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் ஒரு நாளும் சென்னையில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருவதால், செங்குத்தாக நிற்கும் அந்தக் குழாய்க்கு அப்போது ‘ஷேடோ’வே இருக்காது. வலைக்குக் கீழே நாற்றுகளுக்கு வேண்டிய ‘ஷேட்’ மட்டும் அப்படியே இருக்கும்.

தமிழில் நமக்கு ஒரு சொல்தான் என்றாலும், வேறுபாட்டை உருபும் இடமும் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. ‘நிழலில் ஒதுங்கினான்’ என்றால் ‘ஷேட்’, ‘தன் நிழலைப் பார்த்தே பயந்தான்’ என்றால் ‘ஷேடோ’. ‘நிழலின் அருமை வெயிலில் தெரியும்’ என்ற பழமொழியில் இருப்பது முன்னது; ‘நிழல்போல் தொடர்ந்தான்’ என்பதில் இருப்பது பின்னது. திருக்குறளிலேயே இரண்டும் உண்டு. தீமை செய்தவனைக் கேடு விடாது என்பதற்கு, காலடியை விட்டு நீங்காத நிழலை உவமையாக்குகிறது 208-ஆம் குறள். 881-ஆம் குறளில் வரும் நிழலோ வெயிலுக்கு ஒதுங்கும் நிழல்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்திலும் இவை ஒரு காலத்தில் ஒரே சொல்தான். பழைய ஆங்கிலத்தில் அந்தப் பெயர்ச்சொல்லின் எழுவாய் வடிவத்திலிருந்து ‘ஷேட்’ வந்தது, வேற்றுமை ஏற்ற வடிவத்திலிருந்து ‘ஷேடோ’ வந்தது. புல்வெளியைக் குறிக்கும் ‘மீட்’, ‘மெடோ’ இரண்டும் அப்படிப் பிரிந்தவையே. நம்முடைய ‘மரம்’, உருபு சேரும்போது ‘மரத்தை’, ‘மரத்தில்’ என்று ஆகிறதல்லவா, அந்த ‘மரத்து’ தனியே கழன்று வேறு பொருளுடைய இன்னொரு சொல்லாக வாழத் தொடங்கினால் எப்படியோ அப்படி.

இதுவரை சொன்னதை யாரும் ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம். உண்மையில் இடறுவது உவமையாகப் பேசும்போதுதான். பல ஆண்டுகளுக்கு முன், என் மேலாளர் ஓய்வுபெற்ற பிரிவுபசார விழாவில் ஆங்கிலத்தில் பேசச் சொன்னார்கள். ‘உங்கள் நிழலில் வளர்ந்தவன் நான்’ என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, ‘பன்னிரண்டு ஆண்டுகள் உங்கள் ஷேடோவில் இருந்தேன்’ என்று நெகிழ்ந்து சொன்னேன். முன்வரிசையில் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் மட்டும் பெருந்தன்மையாகச் சிரித்தார். ஆங்கிலத்தில் ஒருவருடைய ‘ஷேடோ’வில் இருந்தேன் என்றால், அவர் புகழுக்குப் பின்னால் நான் யார் கண்ணிலும் படாமல் போனேன் என்ற மனக்குறை. நன்றி சொல்லப் போய், எல்லார் முன்னிலையிலும் புகார் வாசித்திருக்கிறேன்.

வெயில் சுடும் ஊரில் நிழல் என்றாலே நமக்குக் குளிர்ச்சியும் அடைக்கலமும்தான் என்பதால், அதை அச்சத்துக்கும் இழப்புக்கும் பயன்படுத்தத் தமிழ் தயங்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தமிழ் விவிலியத்தைப் பாருங்கள். 23-ஆம் சங்கீதத்தின் ஆங்கிலத்தில் மரணத்தின் ‘ஷேடோ’ என்று இருப்பது தமிழில் ‘மரண இருள்’ ஆகிறது. 91-ஆம் சங்கீதத்தில் கடவுளின் ‘ஷேடோ’வில் தங்குவது மட்டும் ‘நிழலில்’ தங்குவதாகவே இருக்கிறது. மலை மழையை மறித்துவிடுவதால் வறண்டு கிடக்கும் பகுதியை ஆங்கிலம் மழையின் ‘ஷேடோ’ என்கிறது, நம் பாடநூல்களோ ‘மழை மறைவுப் பிரதேசம்’ என்கின்றன. ‘நிழல் உலகம்’, ‘நிழல் அமைச்சரவை’ போன்றவை விதிவிலக்குகள், ஆனால் அவை ஆங்கிலத்திலிருந்து வந்தவை.

அன்று ‘ஷேடோ’வுக்குப் பதில் ‘ஷேட்’ போட்டிருந்தாலும் தப்பியிருக்க மாட்டேன். ஒருவரை ‘ஷேட்’டில் தள்ளுவது என்றால் அவரை மங்கச் செய்வது, ஒருவர்மேல் ‘ஷேட்’ எறிவது என்றால் இக்காலப் பேச்சில் மறைமுகமாக இழித்துரைப்பது. நான் சொல்ல நினைத்த நன்றிக்கு ஆங்கிலத்தில் நிழலே உதவாது. அவர்கள் அதைப் பறவையின் சிறகுக்குக் கீழே இருந்ததாகத்தான் சொல்வார்கள்.