ஒகினாவாவில் ஒரு வாரம்: அந்த பிளாஸ்டிக் கார்டை வாங்காதீர்கள்

கேள்வி: புதுச்சேரியில் வசிக்கிறோம். அக்டோபர் இரண்டாம் வாரம் ஜப்பானின் ஒகினாவா தீவுகளுக்கு ஏழு நாள் போவதாகத் திட்டம். நான், மனைவி, 5 வயது மகள், சைவம் மட்டும் சாப்பிடும் என் அம்மா. பாரிஸில் இருக்கும் தம்பியும் அவன் மனைவியும் அங்கே வந்து சேர்ந்துகொள்வார்கள். ஒகினாவா, இஷிகாகி, இரியோமோத்தே மூன்றையும் பார்க்க ஆசை. டிராவல் ஏஜென்ட் ஆளுக்கொரு ஏழு நாள் ஜேஆர் பாஸ், அதாவது ஜப்பான் ரயில்வே பாஸ், போட்டிருக்கிறார். கார் ஓட்டுவதற்கு, மூன்று வருடம் செல்லும் ‘இன்டர்நேஷனல் லைசென்ஸ்’ கார்டை ஆன்லைனிலேயே எடுத்துத் தருகிறேன், ஆர்டிஓ பக்கம் போகவே வேண்டாம் என்கிறார். தம்பிக்கும் அதையே எடுத்துவிடலாமாம். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். கார்டுக்கும் பாஸுக்கும் இன்னும் பணம் கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள். கட்டியாகிவிட்டது என்றால் பாஸ் பணத்தையாவது திரும்பக் கேளுங்கள். கார்டுக்குக் கொடுத்தது போனது போனதுதான்.

முதலில் கார்டு. வெளிநாட்டு லைசென்ஸ் வைத்திருப்பவர் ஜப்பானில் ஓட்ட, 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்தின்படி கொடுக்கப்பட்ட பெர்மிட் வேண்டும். அதையும் உங்கள் நாட்டு அரசோ, அரசு அதிகாரம் கொடுத்த அமைப்போதான் கொடுத்திருக்க வேண்டும். இந்தியா அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆகவே நம் ஆர்டிஓ கொடுக்கும் இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட், சுருக்கமாக ஐடிபி, அங்கே செல்லும். இணையத்தில் விற்கிற கார்டு வெறும் மொழிபெயர்ப்பு. பளபளவென்று ஹோலோகிராம் ஒட்டியிருப்பார்கள், உலக உருண்டை படம் போட்டிருப்பார்கள். எந்த அரசும் அதற்குப் பின்னால் இல்லை. ‘மூன்று வருடம் செல்லும்’ என்று ஏஜென்ட் சொன்னாரே, அந்த ஒரு வார்த்தையிலேயே குட்டு வெளிப்பட்டுவிட்டது. 1949 ஒப்பந்தப் பெர்மிட்டுக்கு ஆயுள் ஒரே வருடம்.

ஒகினாவாவின் தலைநகர் நாஹாவின் விமான நிலையத்தில் இறங்கி, ஷட்டில் வண்டி பிடித்து, வாடகைக் கார் அலுவலகத்துக்குப் போவீர்கள். கவுண்டரில் மூன்று பொருள் கேட்பார்கள்: பாஸ்போர்ட், இந்திய லைசென்ஸின் அசல், ஐடிபி புத்தகம். கவுண்டரில் இருக்கும் பெண் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவார். 1949 செப்டம்பர் 19 ஒப்பந்தம் என்று அச்சாகியிருக்கிறதா, போட்டோ இருக்கிறதா, காருக்கான ‘பி’ பிரிவுக்கு எதிரே முத்திரை விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். அங்கே நீங்கள் பிளாஸ்டிக் கார்டை நீட்டினால் மிகவும் பணிவாகத் தலைகுனிந்து, முடியாது என்று சொல்லிவிடுவார். கெஞ்சினாலும் நடக்காது, மேனேஜரைக் கூப்பிட்டாலும் நடக்காது. கார் இல்லை, ரத்துக் கட்டணம் தனி. அம்மாவும் குழந்தையும் பெட்டிகளோடு அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். ஒருவேளை கவுண்டரில் தப்பி வழியில் போலீஸிடம் மாட்டினால் இன்னும் மோசம். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றம். மூன்று வருடம் வரை சிறை அல்லது 5 லட்சம் யென் வரை அபராதம். அந்த நிலையில் விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸும் கைவிட்டுவிடும்.

ஆகவே ஆர்டிஓவுக்குத்தான் போக வேண்டும். கட்டணம் 1,000 ரூபாய். விண்ணப்பம் ஆன்லைனில் போடலாம் என்பார்கள். போட்ட பிறகு அதையே பிரிண்ட் எடுத்துக்கொண்டு நேரில் வா என்பார்கள். ஒரு ஊரில் விசா நகல் கேட்பார்கள், பக்கத்து ஊரில் டிக்கெட் கேட்பார்கள், இன்னொரு ஊரில் மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள். ஒரே நாடு, ஒரே இணையதளம், ஆனால் ஜன்னலுக்கு ஜன்னல் சட்டம் மாறும். இந்த அலைச்சல்தான் புரோக்கர்களுக்குச் சோறு போடுகிறது. வாசலில் நிற்பவரிடம் கொடுத்தால் ஆயிரம் ரூபாய் வேலைக்கு ஐந்து மடங்கு கேட்பார். கையெழுத்து நீங்கள்தான் போடப்போகிறீர்கள், நீங்களே போய் வாருங்கள். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே ஆரம்பியுங்கள். புத்தகம் கைக்கு வந்ததும் ஜன்னலை விட்டு நகராமல் அந்த ‘பி’ முத்திரையைப் பாருங்கள். முத்திரை குத்தாமலே கொடுத்துவிடுவது நம் அலுவலகங்களுக்குப் புதிதல்ல. பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் லைசென்ஸில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். இனிஷியல் தகராறு நமக்கு மட்டுமே உரிய சொத்து.

இனி தம்பி விஷயம். புதுச்சேரியில் பாதிக் குடும்பங்களுக்கு இது தேவைப்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தம்பியிடம் பிரெஞ்சு லைசென்ஸ்தான் இருக்கும். பிரான்ஸில் ஐடிபி எடுத்துக்கொண்டு வந்துவிடட்டும் என்று நினைக்காதீர்கள். அங்கே கொடுப்பது 1968 வியன்னா ஒப்பந்தத்தின்படியான பெர்மிட். ஜப்பான் அந்த ஒப்பந்தத்தில் சேரவே இல்லை. அதனால் உண்மையான அரசு முத்திரையோடு வரும் பிரெஞ்சு ஐடிபியும் நாஹாவில் செல்லாது. அதற்குப் பதிலாக ஜப்பான் ஒரு தனி வழி வைத்திருக்கிறது. பிரெஞ்சு லைசென்ஸின் அசலும், அதற்கு ஜப்பானிய மொழியில் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பும் இருந்தால் போதும், ஐடிபியே வேண்டாம். மொழிபெயர்ப்பை ஜாஃப் என்ற ஜப்பான் ஆட்டோமொபைல் கூட்டமைப்பு செய்து தரும். ஆன்லைனில் விண்ணப்பித்துப் பணம் கட்டினால், ஜப்பான் வந்து இறங்கியதும் அங்குள்ள கன்வீனியன்ஸ் ஸ்டோர் இயந்திரத்தில் அச்செடுத்துக்கொள்ளலாம். கடைசி நேரத்தில் போடாமல் பல வாரம் முன்பே போடச் சொல்லுங்கள். தெருமுனை நோட்டரியோ, யாரோ தெரிந்த ஜப்பானியரோ மொழிபெயர்த்துக் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள். ஜெர்மனி, ஸ்விட்சர்லாந்து, பெல்ஜியம் லைசென்ஸ்காரர்களுக்கும் இதே கதைதான். லண்டன் உறவினர் யாராவது கடைசியில் தொற்றிக்கொண்டால் அவருக்கு இது பொருந்தாது. பிரிட்டனில் ஒன்றுக்கு மேற்பட்ட வகை ஐடிபி உண்டு, 1949 வகை என்று கேட்டு வாங்க வேண்டும். தம்பியிடம் பழைய இந்திய லைசென்ஸ் இன்னும் இருந்தால் இரண்டையும் குழப்ப வேண்டாம். எந்த நாட்டு லைசென்ஸைக் காட்டுகிறாரோ அதற்கு உரிய காகிதம்தான் கூட வர வேண்டும்.

இருவரும் ஓட்டுவதென்றால் இருவர் பெயரையும் கவுண்டரில் பதிவுசெய்யுங்கள். பதிவில் இல்லாதவர் ஓட்டி இடித்தால் இன்ஷூரன்ஸ் கிடையாது. 6 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குச் சைல்டு சீட் சட்டப்படி கட்டாயம். மகளுக்கு முன்பதிவிலேயே கேட்டுவிடுங்கள். ஆறு பேருக்கு ஒரு வேன் போதும், பி பிரிவிலேயே ஓட்டலாம்.

ஜேஆர் பாஸ் விஷயத்தில் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒகினாவாவில் ஜேஆர் ரயில் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. போருக்கு முன் சின்ன ரயில் பாதை ஒன்று ஓடியது, 1945 போரில் அழிந்தது, பிறகு யாரும் திரும்பப் போடவில்லை. இன்று இருப்பது நாஹாவில் ஓடும் யுய் ரெயில் என்ற மோனோரயில் மட்டும், அது ஜேஆர் கிடையாது. ஏழு நாள் பாஸை 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்த்தினார்கள். ஜப்பான் என்றாலே பாஸ் என்று ஒரே பேக்கேஜை எல்லோர் தலையிலும் கட்டுகிறவரிடம், இந்தப் பாஸில் நாங்கள் ஏறப்போகும் ரயிலின் பெயர் என்ன என்று கேளுங்கள். பதில் வராது.

மூன்று தீவு ஆசைக்கு வருகிறேன். வரைபடத்தில் பக்கத்தில்தான் தெரியும். ஆனால் நாஹாவிலிருந்து இஷிகாகி 400 கிலோமீட்டருக்கு மேல். ஒகினாவாவைவிடத் தைவானுக்குத்தான் அது பக்கம். நாஹாவிலிருந்து அங்கே பயணிகள் கப்பல் 2008-லேயே நின்றுபோனது, விமானம் மட்டும்தான். இஷிகாகி துறைமுகத்திலிருந்து இரியோமோத்தேவுக்குப் படகில் முக்கால் மணி நேரம். சென்னையிலிருந்து ஒகினாவாவுக்கு நேரடி விமானமும் இல்லை. டோக்கியோ, தைபே, ஹாங்காங் என்று எங்காவது மாற வேண்டும். போகவர இரண்டு நாளைக் கழித்தால் மிஞ்சுவது ஐந்து. அதில் மூன்று தீவு என்றால் பெட்டி கட்டுவதும் அவிழ்ப்பதுமாகவே பொழுது போய்விடும், அம்மாவுக்கு முதுகுவலிதான் மிச்சம்.

அக்டோபர் என்பதால் இன்னொரு கணக்கும் உண்டு. ஜூலை முதல் அக்டோபர் வரை அங்கே புயல் காலம். ஆகஸ்ட், செப்டம்பர் உச்சம் தாண்டியிருக்கும், ஆனாலும் வரும். புயல் வந்தால் முதலில் படகு நிற்கும், பிறகு விமானம், பிறகு பஸ், மோனோரயில் எல்லாம். ஒரு நாள், இரண்டு நாள் அறைக்குள்தான். இங்கேதான் ஏஜென்ட்கள் செய்யும் இன்னொரு வேலையைக் கவனியுங்கள். விலை குறைத்துக் காட்ட, உள்நாட்டு விமானத்தையும் ஊர் திரும்பும் விமானத்தையும் தனித்தனி டிக்கெட்டாகப் போடுவார்கள். இஷிகாகி விமானம் புயலில் ரத்தானால் அந்தக் காசு திரும்பக் கிடைக்கும். தவறிப்போன சர்வதேச விமானத்துக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டில் போடச் சொல்லுங்கள். முடியாதென்றால், ஊர் திரும்பும் விமானம் எங்கிருந்து கிளம்புகிறதோ அந்த ஊருக்கு முந்தின நாளே வந்துவிடுங்கள்.

உங்கள் நிலையில் நான் ஒகினாவா பெரிய தீவை மட்டும் எடுப்பேன். வடக்கே மோத்தோபு பக்கம் மூன்று இரவு, மிச்சம் நாஹாவில். மோத்தோபுவில் சுராவுமி மீன் காட்சியகம் இருக்கிறது. 7,500 டன் தண்ணீர் கொள்ளும் தொட்டியில், 60 சென்டிமீட்டர் கனமுள்ள கண்ணாடிக்குப் பின்னால் திமிங்கலச் சுறா நீந்திப்போகும். மகளை அங்கிருந்து கிளப்புவது உங்கள் பாடு. பக்கத்தில் கோரி தீவுக்குப் போகும் பாலம், கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர், சுங்கம் கிடையாது, இரண்டு பக்கமும் பச்சை நிறக் கடல். நாஹாவில் உள்ள ஷுரி கோட்டையின் முதன்மை மண்டபம் 2019 அக்டோபர் 31 தீயில் எரிந்தது. மறுகட்டுமானம் 2026 இலையுதிர் காலத்தில் முடியும் என்று திட்டமிட்டார்கள், நீங்கள் போகும்போது எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடலில் வலை கட்டிய கடற்கரைகளில் மட்டும் இறங்குங்கள். பெட்டி ஜெல்லிமீன் அக்டோபர் வரைகூட இருக்கும்.

ஓட்டுவது நமக்குச் சிரமமில்லை. நம்மைப் போல இடது பக்கம்தான். போருக்குப் பிறகு வந்த அமெரிக்க நிர்வாகத்தில் வலது பக்கமாக ஓட்டப் பழகியவர்கள், 1978 ஜூலை 30 அன்று ஒரே நாளில் தீவு முழுக்க இடது பக்கத்துக்கு மாறினார்கள். மாற வேண்டியது நம் பழக்கங்கள்தான். சிவப்பு விளக்கில் ‘ஃப்ரீ லெஃப்ட்’ கிடையாது. தலைகீழ் சிவப்பு முக்கோணப் பலகை கண்டால் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும், ஊர்ந்து போனால் அபராதம். சாலையில் பவளச் சுண்ணாம்புக்கல் கலந்திருப்பதால் மழையில் மிகவும் வழுக்கும். நாஹாவில் வேலைநாள் காலையும் மாலையும் பஸ் தடத்தில் நுழையாதீர்கள். நேவிகேஷனில் இடத்தின் பெயரைத் தட்டித் தவிக்காமல் தொலைபேசி எண்ணைப் போடுங்கள், கொண்டுபோய் விட்டுவிடும். சின்னக் கீறல் விழுந்தாலும் 110-ஐ அழைத்துப் போலீஸில் பதிவுசெய்ய வேண்டும், அந்தப் பதிவு இல்லாமல் இன்ஷூரன்ஸ் பேசாது. சாப்பாட்டோடு ஒரு பீர் என்று தம்பி ஆரம்பித்தால், அன்றைக்குச் சாவி உங்களிடம்; குடித்தவர் ஓட்டும் காரில் கூட உட்கார்ந்திருப்பவருக்கும் அங்கே தண்டனை உண்டு.

அம்மாவின் சாப்பாடு. ஒகினாவாவில் எங்கே பார்த்தாலும் பாகற்காய்தான். அதைக் கண்டு மகிழ்ந்து ஆர்டர் செய்துவிடாதீர்கள். கோயா சம்புரு என்ற அந்தப் பொரியலில் பன்றி இறைச்சியோ முட்டையோ சேரும், மேலே காய்ந்த மீன் சீவல் தூவுவார்கள். நூடுல்ஸ் சூப் பன்றி எலும்பிலும் மீனிலும் கொதித்தது. ‘வெஜிடபிள்’ என்று எழுதியிருந்தாலும் சாற்றில் மீன் இருக்கும். அதனால் ஹோட்டலுக்குப் பதில் சமையலறை உள்ள குடியிருப்பாக எடுங்கள். அரிசியும் டோஃபுவும் காய்கறியும் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும். சாம்பார் பொடி, ரசப்பொடி, பெருங்காயம் இங்கிருந்து கொண்டுபோங்கள். பச்சையாக எதுவும் வேண்டாம். கறிவேப்பிலை, பச்சை மிளகாய், மாங்காய் மூன்றும் விமான நிலையத் தாவரத் தடுப்புப் பிரிவில் பறிபோகும். திரும்பும்போது டோக்கியோ வழியாக வருவதானால், சந்தையில் பார்க்கும் ஊதாநிற வள்ளிக்கிழங்கைப் பச்சையாக வாங்கிப் பெட்டியில் வைக்காதீர்கள். ஒகினாவாவிலிருந்து ஜப்பானின் மற்ற பகுதிகளுக்கு அதைக் கொண்டுபோகத் தடை இருக்கிறது. அதிலே செய்த இனிப்பு டார்ட் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம், முட்டையும் வெண்ணெயும் சேர்ந்திருக்கும் என்பதை மட்டும் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.