படத்துக்குப் பின்னால் வட்ட எழுத்து

கேள்வி: என் அப்பாயிக்கு 84 வயது. ரேஷன் கார்டில் தமிழ்ப் பெயர்தான் இருக்கிறது. அவர் பர்மியப் பெண் என்பது எனக்குத் தெரிந்ததே தாத்தா இறந்த பிறகுதான். 1965-ல் தாத்தாவோடும் ஐந்து வயது அப்பாவோடும் கப்பலில் வந்தாராம். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு டிரங்குப் பெட்டி கிடைத்தது. உள்ளே கறுப்பும் சிவப்புமாக ஒரு வட்டப் பெட்டி, சந்தனக்கல் மாதிரி ஒரு கல், இடுப்புப் பக்கம் கறுப்புத் துணி வைத்துத் தைத்த பட்டுக் கைலி, தாத்தாவும் அப்பாயியும் இளமையாக நிற்கிற ஒரு படம். படத்தின் பின்னால் வட்ட வட்டமாக ஏதோ எழுத்து. இதையெல்லாம் பார்த்த அத்தை, “மூடி வை, கிளறாதே” என்றார். அவருக்கு வரன் பார்த்த நாட்களில் ஏதோ நடந்ததாம். நான்காவது படிக்கும் என் மகள் பள்ளிக்குக் குடும்ப மரம் வரைய வேண்டும். “நான் எட்டில் ஒரு பங்கு பர்மாவா?” என்று கேட்கிறாள். மரபணுப் பரிசோதனை செய்து பார்க்கலாம் என்கிறார் கணவர். நான் அப்பாயியிடம் கேட்கலாமா? எப்படிக் கேட்பது?
– பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: கேளுங்கள் அம்மா. இந்த மாதமே கேளுங்கள். ஆனால் கேள்வியோடு போகாமல் அந்தக் கல்லோடு போங்கள்.

கல்லின் ஓரத்தைச் சுற்றி வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அது தனக்கா உரசுகிற கல். ஒரு மரத்தின் பட்டையைத் தண்ணீர் விட்டு இந்தக் கல்லில் உரசி, வரும் விழுதைப் பர்மியப் பெண்கள் கன்னத்தில் பூசிக்கொள்வார்கள். வெயிலுக்குக் குளிர்ச்சி, அலங்காரமும் அதுதான். தனக்காவுக்குப் பயன்படும் மரங்களில் ஒன்று நாம் மகாவில்வம் என்று சொல்கிற மரம். கல்லைக் கழுவி, ஒரு கிண்ணம் தண்ணீரோடு அப்பாயி முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். “இதை எப்படி உரசுவீங்க?” என்று மட்டும் கேளுங்கள். வாய் மறந்துபோனது கைக்கு நினைவிருக்கும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் அம்மாவைப் பெற்ற பாட்டியும் வேற்று மொழிக்காரர். கல்லூரியில் படித்தபோது நோட்டில் இருபது கேள்வி எழுதிக்கொண்டு, டேப் ரெக்கார்டரை அவர் முன்னால் வைத்து உட்கார்ந்தேன். “ஆமா”, “இல்ல”, “மறந்துபோச்சு” என்று இந்த மூன்று பதில்தான் கிடைத்தது. இரண்டு வாரம் கழித்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, சின்ன வயதில் அவருடைய அம்மா அவரைத் திட்டுகிற வசவு ஒன்றை அந்த மொழியிலேயே சொல்லிச் சிரித்தார். பிறகு இருட்டும் வரை பேசினார். டேப் ரெக்கார்டர் அலமாரியில் இருந்தது. அதனால் முதல் நாள் செல்போனைக் கையில் எடுக்காதீர்கள். அவர் தூங்கப் போன பிறகு, அவர் சொன்ன சொற்களிலேயே தேதி போட்டு எழுதி வையுங்கள். பதிவு செய்வதைப் பிறகு அவரிடமே கேட்டுக்கொண்டு செய்யலாம்.

கறுப்புத் துணி வைத்துத் தைத்த அந்தக் கைலி, பர்மியப் பெண்கள் கட்டுகிற தமெய்ன் ஆகத்தான் இருக்கும். இடுப்பில் வழுக்காமல் நிற்கத்தான் அந்தப் பருத்திப் பட்டை. அதில் அலை அலையாக நெசவு ஓடினால் அது அச்செய்க் பட்டு. மாந்தலைக்குப் பக்கத்திலுள்ள அமரபுரா அதற்குப் பேர் போனது. வட்டப் பெட்டி, மூங்கிலைப் பின்னி மரப்பால் பூசிச் செய்த அரக்குவேலை போலத் தெரிகிறது. பாகான் ஊர்க் கைவேலை அது. உள்ளே தட்டுகள் அடுக்கடுக்காக இருந்தால் வெற்றிலைப் பெட்டி என்று வைத்துக்கொள்ளலாம். ஊறவைத்துக் கழுவிவிடாதீர்கள், வெயிலிலும் வைக்க வேண்டாம். மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.

இப்போது படம். அந்த எழுத்தைச் செல்போனில் மொழிபெயர்க்கலாமா என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். வேண்டாம். அந்த வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார். இத்தனை வருடமாக உங்கள் வீட்டின் மொழியை அவர்தான் கற்றுக்கொண்டே இருந்திருக்கிறார். அவரிடம் படத்தைக் கொடுத்து, “எனக்குப் படிக்கத் தெரியல அப்பாயி, படிச்சுச் சொல்லுங்க” என்று கேளுங்கள். உங்கள் வீட்டில் அவரிடம் அப்படிக் கேட்கும் முதல் ஆள் நீங்களாகவே இருக்கலாம்.

அவர் ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் என்று ஒரு வருடத்தைச் சொன்னால் குழம்ப வேண்டாம். அது பர்மிய ஆண்டு. 638-ஐக் கூட்டினால் நம் ஆங்கில ஆண்டு கிடைக்கும். 1321 என்றால் 1959. அவர்களுடைய வருடமும் நம் சித்திரையை ஒட்டித்தான் பிறக்கிறது. ஊரே தெருவில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் தின்ஜான் திருவிழா அப்போதுதான்.

பெயரில் ‘மா’ என்றோ ‘டோ’ என்றோ தொடங்கினால், அது நம் ‘அக்கா’, ‘அம்மா’ மாதிரி மரியாதைச் சொல். வயதுக்குத் தக்கபடி ஒட்டிக்கொள்ளும். அதை நீக்கிவிட்டால் மிஞ்சுவதுதான் பெயர். பர்மியர்களுக்குக் குடும்பப் பெயரோ இனிஷியலோ வழக்கமில்லை. பிறந்த கிழமையை வைத்து முதல் எழுத்தைத் தேர்ந்தெடுக்கிற மரபு உண்டு. க வரிசை திங்கள்கிழமைக்கு, ப, ம எல்லாம் வியாழனுக்கு, த, ந சனிக்கிழமைக்கு. அப்பாயியின் பழைய பெயர் தெரிந்தால் அவர் பிறந்த கிழமையும் அநேகமாகத் தெரிந்துவிடும்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது “கப்பலில் வந்தாராம்” என்கிற அந்த ஒற்றை வரி. 1962-ல் நே வின் ராணுவ ஆட்சி வந்தது. 1964 மார்ச்சில் ரங்கூனில் கடைகளையெல்லாம் அரசு எடுத்துக்கொண்டது. மே மாதம் 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். கடையும் போய், கையிலிருந்த காசும் போய், கப்பல் கப்பலாக மக்கள் சென்னைத் துறைமுகத்துக்கு வந்து இறங்கினார்கள். தமிழ்நாட்டுக்கு மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல் வந்தார்கள். பல ஊர்களில் இன்றும் இருக்கிற பர்மா காலனிகளும், சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பர்மா பஜாரும் அப்படி உருவானவைதான்.

இவர்களுக்கு அரசு வைத்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. உங்கள் தாத்தாவுக்கு அந்தப் பெயர் ஓரளவு பொருந்தும். அப்பாயி எங்கே திரும்பினார்? அதே கப்பலில், அதே நாளில், அவர் தாயகத்தை விட்டுக் கிளம்பியிருக்கிறார். தாத்தாவின் கதையை வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள், அதில் அப்பாயி கூடவே வந்த ஒருவராக மட்டும் இருந்திருப்பார். அவருடைய அம்மா அப்பா அங்கே இருந்தார்களா, துறைமுகத்துக்கு யாராவது வந்தார்களா, பிறகு கடிதம் வந்ததா என்றெல்லாம் கேட்க உங்களுக்கு நாக்கு துடிக்கும். இந்த மூன்றையும் நீங்களாகக் கேட்காதீர்கள். தமெய்ன் எப்படிக் கட்டுவார்கள், வீட்டு வாசல் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது, காலையில் என்ன சாப்பிடுவார்கள் என்று கேளுங்கள். வாழைத்தண்டு போட்ட மீன் குழம்பில் நூடுல்ஸ் ஊற வைத்த மொஹிங்காவைப் பற்றி அவர் சொல்லத் தொடங்கினால், அதைச் சமைத்த கைகளைப் பற்றியும் அவரே சொல்வார். “வேண்டாம்மா” என்றால் பெட்டியை மூடிவிட்டுக் காபி போட்டுக் கொடுங்கள். அவர் சொல்லாமல் வைத்துக்கொள்வதும் அவருடையதுதான்.

அப்புறம் அத்தை. அவர் மேல் கோபப்படாதீர்கள். வரன் பார்த்த நாளில் என்ன நடந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. “அம்மா என்ன ஆளுங்க?” என்று வந்தவர்கள் கேட்டிருப்பார்கள். சாதி கேட்டுச் சம்பந்தம் பேசுகிற இடத்தில் அந்தக் கேள்விக்கு உங்கள் தாத்தாவிடம் பதில் இருந்திருக்காது. பள்ளிக்கூடத்தில் மூக்கையும் கண்ணையும் சொல்லிக் கேலி செய்திருக்கலாம். உங்களுக்குப் பெருமையாகத் தெரியும் இதே விஷயத்துக்கு அத்தை ஒரு விலை கொடுத்திருக்கிறார். அவரைத் தனியாகப் பார்த்து, “உங்களுக்கு நடந்ததை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், எழுதவும் மாட்டேன்” என்று வாக்குக் கொடுங்கள். அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். ஆனால் அப்பாயி பேச விரும்பினால் அதைத் தடுக்க அத்தைக்கு உரிமை இல்லை. இதையும் மென்மையாகச் சொல்லிவிடுங்கள்.

மரபணுப் பரிசோதனையில் இத்தனை சதவீதம் என்று ஏதோ ஓர் எண் வரும். அதைத் தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறீர்கள்? மேலே சொன்னதில் ஒன்றுகூட அதில் வராது. 84 வயதுக்காரர் அடுத்த அறையில் இருக்கும்போது அந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

மகளின் கேள்விக்கு வருகிறேன். எட்டில் ஒரு பங்கு என்று அவள் போட்ட கணக்கு சரிதான், பழைய வாய்ப்பாட்டில் அதை அரைக்கால் என்பார்கள். ஆனால் அப்பாயியின் எந்த அரைக்கால் அவளிடம் இருக்கிறது என்று அவளிடம் கேட்டுப் பாருங்கள், குழந்தைக்கே புரிந்துவிடும். பர்மாவில் இப்படிக் கலந்து பிறந்தவர்களைக் ‘கப்யா’ என்பார்கள். பல நேரம் அது ஏச்சாகவும் இருந்தது. உங்கள் அப்பா சின்ன வயதில் அதைக் கேட்டிருக்கக்கூடும். அவள் முழுசாகத் தமிழ்ப் பெண், முழுசாக அப்பாயியின் கொள்ளுப்பேத்தி. இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

குடும்ப மரத்தை அவளே வரையட்டும். எல்லாக் கட்டத்திலும் பெயர் எழுதிவிட்டு, அப்பாயியின் கட்டத்தை மட்டும் காலியாக விடச் சொல்லுங்கள். அதைக் கொண்டுபோய் அப்பாயி மடியில் வைத்து, பேனாவை அவர் கையில் கொடுக்கட்டும். எந்தப் பெயரை எழுதுகிறாரோ, எந்த எழுத்தில் எழுதுகிறாரோ, அப்படியே பள்ளிக்குக் கொடுத்தனுப்புங்கள்.